மாப்பிள்ளை மாட்டிய சக்கரங்கள்

மரியாதைக்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

இங்கு நான், என் மகள், உங்கள் மகன் மூவரும் உடலளவில் நலம். அங்கு தாங்களும் சம்பந்தி அம்மாளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டுகிறேன்.

விஷயம், வண்டிக்கு உங்கள் மகன் மாட்டியிருக்கும் சக்கரங்களைப் பற்றியது. என் மகள் கால்நடை மருத்துவர் என்பதும், தாரையே கண்டிராத பாதைகளில் பண்ணை பண்ணையாகப் போய் வைத்தியம் பார்க்கத்தான் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற அந்த வண்டியை வாங்கினாள் என்பதும் தாங்கள் அறிந்ததே. ஆறு வருடம் அது வாய் திறக்காமல் உழைத்தது. போன மாதம், மகள் வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்து இறங்கினால், வாசலில் வண்டி என்னைவிட உயரமாக நிற்கிறது. ஒவ்வொரு டயரும் ஒரு கிணற்று உறை. பக்கத்தில் மாப்பிள்ளை கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"எப்படி இருக்கு மாமா?"

"நல்லா இருக்கு. ஏணி எங்க வச்சிருக்கீங்க?" என்றேன்.

முப்பத்தொரு வருடம் எடை, அளவு ஆய்வாளராக இருந்தவன் நான். எதைப் பார்த்தாலும் தராசில் வைக்கத்தான் கை போகும். மறுநாளே கழற்றிப் போட்டிருந்த பழைய சக்கரம் ஒன்றையும் புதிய சக்கரம் ஒன்றையும் மகளுடைய ஆஸ்பத்திரியில் நாய்களை நிறுக்கும் மேடையில் ஏற்றிப் பார்த்தேன். பழையது இருபத்திரண்டு கிலோ, புதியது முப்பத்தெட்டு. சக்கரத்துக்குப் பதினாறு கிலோ அதிகம், ஸ்டெப்னியோடு ஐந்துக்கும் எண்பது. கல்யாணத்தன்று உங்களைக் கண்ணால் எடை போட்ட கணக்குப்படி எண்பது கிலோ என்பது சரியாகத் தாங்கள்தான். தங்களை ஏற்றிக்கொண்டு போனாலாவது பேச்சுத்துணை கிடைக்கும். அதோடு தாங்கள் ஓர் இடத்தில் உட்காருவீர்கள், சுற்ற மாட்டீர்கள். சும்மா இருக்கிற எடை வேறு, சுற்றுகிற எடை வேறு. கிளம்பும்போது அதைச் சுற்றவைக்க எஞ்சின் முக்குகிறது, நிற்கும்போது சுற்றாமல் வைக்க பிரேக் அழுகிறது. முன்பு வண்டி நின்ற இடத்துக்கு ஒரு கஜம் தள்ளித்தான் இப்போது நிற்கிறது. அந்த ஒரு கஜத்தில் ஆஸ்பத்திரியின் பெயர்ப்பலகை இருந்தது.

பின்கதவில் தொங்கும் ஸ்டெப்னி கனத்தில் கதவின் கீல் இறங்கிவிட்டது. முழங்காலால் ஒரு முட்டு முட்டினால்தான் கதவு மூடும். ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பினால் டயர் மட்கார்டில் உரசிக் கர்ரென்று பல்லைக் கடிக்கிறது. அதற்கு உங்கள் மகன் கண்ட வைத்தியம், ரொட்டி வெட்டும் கத்தியை எடுத்துப்போய் மட்கார்டின் உள்பக்கத்தை அறுத்தது. ரொட்டியை இப்போது கையால் பிய்த்துச் சாப்பிடுகிறோம். ஆனால் என்னால் பொறுக்க முடியாதது வேறு. பெரிய டயர் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போகிறது, வேகமானிக்கு அது தெரியாது. முள் அறுபது என்று காட்டியபோது போக்குவரத்துக் காவலர் வண்டியை நிறுத்தி, "அறுபத்தாறுல வர்றீங்க சார்" என்றார். எத்தனையோ கடைகளில் பொய்த் தராசைப் பிடித்தவன், பொய் முள்ளுக்குப் பின்னால் உட்கார்ந்து பயணம் செய்திருக்கிறேன். தலை நிமிரவில்லை.

இதெல்லாம்கூடப் போகட்டும். போன செவ்வாய்க்கிழமை காலை ஒரு பண்ணையிலிருந்து போன். ஈனுகிற பசுவின் வயிற்றில் கன்று கால் மடங்கி மாட்டிக்கொண்டது, உடனே வர வேண்டும். மகள் ஓட்ட, மாப்பிள்ளை பக்கத்தில், மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நான் பின்னால். ஏற்றத்தில் வண்டி சினை மாடு மாதிரி மூச்சு வாங்கியது. முதல் கியரில் ஏறி ஒரு பள்ளத்தில் இறங்கித் திரும்பினோம். டக்கென்று ஒரு சத்தம். முன் சக்கரம் ஒன்று, கால் சுளுக்கியவன் போல வெளிப்பக்கம் சாய்ந்துவிட்டது.

மகள் கடிகாரத்தைப் பார்த்தாள். அந்த முகத்தை அவள் பரீட்சைக்குப் போன காலத்தில்கூட நான் பார்த்ததில்லை. நல்லவேளையாகப் பின்னால் ஒரு பால் வண்டி, பழைய மூன்று சக்கர வண்டி, சோப்பு டப்பா அளவு டயர், தடதடவென்று வந்தது. மருந்துப் பெட்டியோடு பால் கேன்களுக்கு நடுவே ஏறிப் போய்விட்டாள். நாங்கள் இருவரும் மூன்று மணி நேரம் கல்லில் உட்கார்ந்திருந்தோம். உங்கள் மகன் அந்த நேரத்தில் சொன்னது ஒரே ஒரு வாக்கியம்.

"டயரைப் பாருங்க மாமா, கொஞ்சம்கூட காத்து எறங்கல."

அப்புறம் வந்த மெக்கானிக் படுத்துப் பார்த்துவிட்டு, "சக்கரத்தைப் பிடிச்சிருக்கிற மூட்டு ஒடஞ்சிருக்கு சார். ஒல்லியான ஆளுக்குத் தச்ச சட்டையைப் பயில்வானுக்குப் போட்டா பொத்தான் தெறிக்காம என்ன பண்ணும்?" என்றார். மாப்பிள்ளை வானத்தைப் பார்த்தார்.

பசு பிழைத்தது, கன்றும் பிழைத்தது. இன்னும் பத்து நிமிடம் தாமதித்திருந்தால் இரண்டும் இல்லை என்றாள் மகள். கன்று முப்பத்தொரு கிலோவாம். சக்கரத்தைவிட ஏழு கிலோ குறைவு. ஆனாலும் அரை மணியில் தானாக எழுந்து நின்றது.

ஆகவே சம்பந்தி அவர்களே, பழைய சக்கரங்களை மாட்டும்படி உங்கள் மகனுக்குத் தாங்கள்தான் புத்தி சொல்ல வேண்டும். நான் சொன்னால் மாமனார் வாயாகிவிடும். நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிறவருக்கு மலையேறுகிற டயர் எதற்கு என்று கேளுங்கள். ஆசைப்பட்டதையெல்லாம் வாங்கிக்கொடுத்து வளர்த்தால் இப்படித்தான் ஆகும் என்று பொதுவாகச் சொல்கிறேன், யாரையும் குறிப்பிட்டு அல்ல.

சம்பந்தி அம்மாளுக்கு என் வணக்கம். இரு குடும்பமும் ஒரு குறையுமின்றித் தழைக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நலம் நாடும் சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டும் முன் மகள் இதை வாங்கிப் படித்துவிட்டாள். "அப்பா, அந்த டயரைக் கேட்டது நான். போன மழையில ரெண்டு தடவை சேத்துல மாட்டிக்கிட்டேன்ல, அதான். அவர் ரெண்டு மாசம் வேண்டாம் வேண்டாம்னு தலைபாடா அடிச்சுக்கிட்டார்" என்றாள். பிறகு அவர் ஏன் வாயைத் திறக்கவில்லை என்றேன். "நீங்க வந்ததும் அவரைத்தான் மொறச்சீங்க. என்னைத் திட்டுறதுக்குப் பதிலா அவரையே திட்டட்டும்னு விட்டுட்டார்" என்றாள். கடிதத்தைக் கிழித்துவிடலாம்தான், ஆனால் கன்றுக்குட்டி பகுதி நன்றாக வந்திருக்கிறது. ஆகையால் சக்கரத்தைக் குறை சொல்லும் இடங்களில் 'உங்கள் மகன்' என்பதை 'என் மகள்' என்று திருத்திப் படிக்கவும். வளர்ப்பு பற்றிய வரியை அடித்துவிடவும். பிள்ளையைத் தாங்கள் நன்றாகத்தான் வளர்த்திருக்கிறீர்கள். இதை அவரிடம் சொல்லிவிட வேண்டாம். சக்கரத்தைக் கழற்றச் சொல்லி மகளிடம் பேச வேண்டும், அப்போது எனக்குப் பதில் திட்டு வாங்க அவர்தான் தேவைப்படுகிறார்.