இதமான நாதமும் குசினிக் கதவும்

வயலின் வாசிக்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கையில் இருக்கிற பிழையைத் தந்தியில் தேடுவார்கள். சுருதி சேரவில்லையா, தந்தி சரியில்லை. கமகம் வழுக்கிவிட்டதா, தந்தி சரியில்லை. முன்வரிசையில் இருந்தவர் பாதியில் எழுந்து போய்விட்டாரா, அதற்கும் தந்திதான் காரணம். (அவர் கடைசி பஸ்ஸைப் பிடிக்கப் போயிருப்பார் என்று நினைக்க ஒருவருக்கும் மனம் வராது.) எனக்கும் அந்த வியாதி இருந்தது. ஆனால் என் விஷயத்தில் தந்தி உண்மையிலேயே சரியில்லாமல்தான் இருந்தது. ஏனென்றால் அது சைக்கிள் பிரேக் கம்பி.

சண்டையால் பாதை பூட்டியிருந்த காலத்தில் வன்னிக்குள் சவர்க்காரம் வருவதே பெரும்பாடு. வயலின் தந்தியை யார் கொண்டுவரப் போகிறார்கள்? என் மேல்தந்தி அறுந்த அன்று நான் அழுத அழுகையைத் தாங்க முடியாமல், அப்பா தன் சைக்கிளின் முன்பிரேக் கம்பியைக் கழற்றி, இழை பிரித்து, அதில் ஒன்றை வயலினில் மாட்டிவிட்டார். மற்ற மூன்று தந்திகளும் மெல்ல மெல்ல முடிச்சும் ஒட்டுமாக மாறின. அன்று தொடக்கம் அப்பா காலைத் தரையில் தேய்த்துத்தான் சைக்கிளை நிறுத்துவார். செருப்புத் தேய்கிற கதையை அம்மா எடுத்தால், நான் வயலினைத் தூக்கிக்கொண்டு வளவின் பின்பக்கம் போய்விடுவேன். அங்கே நான் வாசிக்கத் தொடங்கியதும் அடுத்த வீட்டு நாய் எழுந்து நின்று ஊளையிடும். சுருதியில் அது என்னைவிடச் சுத்தம்.

இந்த நிலைமையில்தான் எனக்கு யோகா மச்சாளைப் பாடவைக்க வேண்டும் என்ற ஆசை வந்தது.

யோகா மச்சாள் என் மாமாவின் மகள். கிளிநொச்சியில் எங்கள் வளவுக்குப் பக்கத்து வளவு. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். நல்ல கனமான, தாழ்ந்த குரல். இடப்பெயர்வின்போது தன் தம்பியைக் குண்டுவீச்சில் பறிகொடுத்த பிறகு அவர் பாடுவதை விட்டுவிட்டார். கேட்டால் "மறந்துபோச்சு" என்பார். ஆனால் மிளகாய்த் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற மோட்டார் ஓடும்போது மட்டும், அந்த இரைச்சலுக்குள் ஒருவருக்கும் கேட்காது என்ற நம்பிக்கையில், வாய்விட்டுப் பாடுவார். நான் வேலியோரம் நின்று கேட்டிருக்கிறேன். மறக்கவில்லை, ஒரு சொல்லும் மறக்கவில்லை.

பாதை திறந்து, சனம் கொஞ்சம் மூச்சுவிடத் தொடங்கியிருந்த நேரம். வாசிகசாலையில் நவராத்திரி வாணி விழா வரப்போகிறது என்றதும் நான் போய்க் கேட்டேன்.

"மச்சாள், ஒரு பாட்டு. நான் வயலின் வாசிக்கிறன்."

"அதுதான் பயம்," என்றார் அவர்.

"ஏன்?"

கொத்திக்கொண்டிருந்த மண்வெட்டியை நிறுத்திவிட்டுச் சொன்னார். "உன்ரை வயலின் பக்கத்திலை கேட்டா, ஆரோ ஒப்பாரி வைக்கிற மாதிரிக் கிடக்கு. அந்தச் சத்தம் எனக்குப் போதுமடி. காணுமெண்ட அளவுக்குக் கேட்டாச்சு. அது அழாமல் வாசிச்சா வந்து சொல்லு, பாடுறன்."

எனக்கு முகத்தில் அறைந்தது போல இருந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. அழாத வயலின் ஒன்று எனக்கு வேண்டும். தாழ்ந்த குரலுக்குப் பக்கத்தில் தானும் தணிந்து, இதமாக, இளஞ்சூடாக நிற்கிற நாதம். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது, பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியை. தெரிந்தது நாலைந்து வர்ணம். தெரிந்ததாக நினைத்தது முழுச் சங்கீதம். கடையில் போய் நாதத்தை வாங்கிக்கொண்டு வரலாம் என்று வவுனியாவுக்கு பஸ் ஏறினேன்.

கடை பஸ் நிலையத்துக்குக் கிட்ட இருந்தது. ஒருபக்கம் ஆர்மோனியம், ஒருபக்கம் கிரிக்கெட் மட்டை, நடுவில் குடை. கடைக்காரர் முன்பு முல்லைத்தீவில் கடை வைத்திருந்த முஸ்லிம் மனிதர், எல்லோருக்கும் நானா, அதாவது அண்ணை. அவரும் எங்களைப் போல எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து மறுபடி தொடங்கியவர்.

"நானா, வயலின் தந்தி இருக்கோ?"

"இருக்கு தங்கச்சி. மூண்டு வகை. என்ன மாதிரி வேணும்?"

என்ன மாதிரி! தந்தியில் வகை என்ற ஒன்று இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அறுந்தது, அறாதது என்ற இரண்டு வகையைத்தான் நான் அறிவேன். வாயில் வந்ததைச் சொன்னேன்.

"அழாத தந்தி வேணும்."

அவர் என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். "அது வாசிக்கிற ஆளைப் பொறுத்தது, தங்கச்சி."

பிறகு மூன்றையும் எடுத்துப் பரப்பினார். ஒன்று முழு உருக்குக் கம்பி. மினுங்கியது. அதைப் பார்த்ததும் எனக்கு அப்பாவின் சைக்கிள் ஞாபகம் வந்துவிட்டது, தள்ளிவைத்தேன். இரண்டாவது கம்பிக்கு மேல் மெல்லிய கம்பி சுற்றியது. மூன்றாவது, உள்ளே நார் வைத்து வெளியே உலோகம் சுற்றியது. தொட்டால் மெதுவாக இருந்தது.

"இது தணிஞ்ச சத்தமாம், இதமா இருக்குமாம். வாங்கினவை சொன்னவை," என்றார். "எனக்குக் கேக்கத் தெரியாது. மட்டை எண்டா தட்டிப் பாத்துச் சொல்லுவன்."

நானும் தட்டிப் பார்ப்பதென்று முடிவெடுத்தேன். ஒரு நுனியைப் பல்லில் கடித்து, மற்ற நுனியைக் கையில் இழுத்துப் பிடித்து, சுண்டிச் சுண்டிக் கேட்டேன். கண்ணை வேறு மூடிக்கொண்டேன். (ஞானம் உள்ளவர்கள் அப்படித்தான் செய்வார்கள் என்று நினைப்பு.) குடை வாங்க வந்த ஒருவர், மழை பெய்துகொண்டிருந்தும் பரவாயில்லை என்று வெளியே போய் நின்றார். நான் மூன்றாவதை வாங்கினேன். தெரிவு சரி. அதை இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். பிழை நடந்தது வீட்டுக்கு வந்த பிறகு.

தந்தி மாற்றுவதென்றால் ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். ஒன்றைக் கழற்றி, புதியதைப் போட்டு, பிறகுதான் அடுத்தது. இது எனக்குத் தெரியாது. எங்களுக்கு நாலு தந்தியும் ஒன்றாகக் கிடைத்த சரித்திரமே இல்லையே. பிரேக் கம்பியின் மேல் இருந்த கோபத்தில் குறட்டை எடுத்து நாலையும் ஒரே மூச்சில் வெட்டி எறிந்தேன். தந்தியைத் தாங்குகிற குதிரை சரிந்து விழுந்தது. அதோடு வயலினின் வயிற்றுக்குள்ளும் ஏதோ விழுந்து உருண்டது. கவிழ்த்துக் குலுக்கினேன். ஓட்டை வழியே விரல் நீளத்தில் ஒரு குச்சி வந்து மடியில் விழுந்தது.

இன்றைக்குத் தெரியும், அந்தக் குச்சிதான் வயலினின் மேற்பலகை குழிந்து போகாமல் உள்ளே நின்று தாங்குவது. எல்லா வயலினுக்குள்ளும் ஒன்று நிற்கும். அது இல்லாமல் தந்தியை முறுக்குவது, நடுக்காலைப் பிடுங்கிவிட்டுப் பந்தலில் ஏறி நிற்கிற வேலை. ஆனால் அன்றைக்கு நான் எங்கள் வீட்டுப் பிள்ளையாக மட்டும்தான் யோசித்தேன். எங்கள் வீட்டில் முட்டுக்கொடுக்காமல் நின்ற பொருள் ஒன்று காட்டுங்கள். றேடியோவுக்குள் தீக்குச்சி. அலுமாரிக்குக் கீழே செங்கல் துண்டு. கதிரைக் காலுக்கு மடித்த சைக்கிள் ரயர்த் துண்டு. எல்லாம் அப்பாவின் கைவேலை.

"அப்பா, வயலினுக்கை தடி வைச்சது நீங்களோ?"

அப்பா குச்சியை வாங்கி உருட்டிப் பார்த்தார். தான் செய்யாத வேலை என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. "வைச்சிருப்பன்," என்றார்.

"இனித் தேவையில்லை. புதுத் தந்தி," என்றேன் நான்.

அதற்குள் அம்மா கையை நீட்டிவிட்டார். அவர் சமைக்கிற குசினிக் கதவின் கொளுக்கி கழன்று கழன்று விழுந்துகொண்டிருந்தது. குச்சியைக் கொண்டுபோய் அதற்குள் செருகினார். அளந்து செய்தது போல இறுகி நின்றது.

நான் புதுத் தந்திகளைப் போட்டு, சுருதி கூட்டி, வில்லை வைத்தேன். அடடா! கீச்சென்ற சத்தம் அறவே இல்லை. தணிந்து, மங்கி, தலையணைக்குள் இருந்து வருவது போல ஒரு நாதம். (முட்டு இல்லாத வயலின் அப்படித்தான் மூக்கடைத்துப் பேசும். அதைத்தான் நான் இதம் என்று கொண்டாடினேன்.) நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்தது. யோகா மச்சாள் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். கையில் மண்வெட்டி.

"ஆர் வாசிக்கிறது?"

"நான்தான், மச்சாள்."

அவர் நின்று கேட்டார். மண்வெட்டியை வேலியில் சாத்தினார். பிறகு, "இது அழேல்லை," என்றார். "சரி, பாடுறன்."

விழாவரைக்கும் பின்னேரங்களில் எங்கள் முற்றத்தில் பழகினோம். மோட்டார் ஓடாமலே மச்சாள் பாடினார். மாமா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, ஏதோ வேலை செய்கிற மாதிரி ஒரே மரத்தைச் சுற்றிச் சுற்றி வருவார். அம்மா மட்டும் ஒருநாள், "பிள்ளை, உன்ரை வயலின் கொஞ்சம் மெலிஞ்ச மாதிரிக் கிடக்கு," என்றார். புதுத் தந்திக்குப் பழகிக்கொண்டிருக்கிறது என்று நான் விளக்கம் கொடுத்தேன். உண்மையில் மேற்பலகை நாளுக்கு நாள் குழிந்துகொண்டு போயிருக்கிறது.

விழா அன்று வாசிகசாலை நிரம்பிவிட்டது. யோகா பாடப்போகிறாள் என்ற கதை பரவியிருந்தது. என் வயலினின் சத்தம் தணிவு என்பதால், ஒலிபெருக்கிக்காரர் மைக்கை அதன் வாய்க்குள்ளேயே வைத்துவிட்டார் என்று சொல்லலாம். மிருதங்கத்துக்குச் சின்னராசா அண்ணை. மச்சாள் கண்ணை மூடித் தொடங்கினார். முதல் அடியிலேயே சனம் அசையாமல் போனது. அவலுக்குக் கடதாசிச் சரை சுற்றிக்கொண்டிருந்த பெண்களின் கைகள் நின்றன. என் வாழ்நாளில் அந்தக் கொஞ்ச நேரம்தான் நான் உண்மையாகவே நன்றாக வாசித்தேன்.

அனுபல்லவிக்குப் போகும்போது தந்தி கொஞ்சம் இறங்கிவிட்டது போல இருந்தது. (பார்த்தீர்களா, மறுபடி தந்தி!) மெதுவாக முறுக்கினேன்.

படார்!

மேற்பலகை உள்ளே போய், குதிரை பறந்து, நாலு தந்தியும் சுருண்டு எழும்பின. அந்த வெடிப்பை மைக் வாங்கி, இரண்டு பெரிய ஒலிபெருக்கியாலும் ஊருக்குக் கொடுத்தது.

நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்க்கவும் முடியாது. ஏனென்றால் நான் தரையில் குப்புறக் கிடந்தேன். வயலினைக் கையில் வைத்திருந்தவளே விழுந்து படுத்துவிட்டேன் என்றால், மற்றவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? ஒரு மண்டபம் சனமும் ஒரே நேரத்தில் நிலத்தோடு நிலமாகக் கிடந்தது. விழாத் தலைவர் மேசைக்குக் கீழே, ஒலிபெருக்கிக்காரர் வாசலுக்கு வெளியே வெள்ளவாய்க்காலுக்குள். சமாதானம் என்று றேடியோ சொல்லிக்கொண்டுதான் இருந்தது. எங்கள் முழங்கால்களுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை. சண்டை நின்ற பிற்பாடு பிறந்த ஒரு கைக்குழந்தை மட்டும் நிமிர்ந்து இருந்து, பெரியவர்கள் எல்லோரும் ஏன் படுத்துவிட்டார்கள் என்று பார்த்துக்கொண்டு, விரலைச் சப்பிக்கொண்டிருந்தது.

யோகா மச்சாள் எனக்குப் பக்கத்தில், பாயில் கன்னத்தை வைத்துக் கிடந்தார். முகம் வெளுத்திருந்தது. நான் செத்துப் போகலாம் என்று நினைத்தேன். இத்தனை வருடத்துக்குப் பிறகு வாய் திறந்தவரை, எந்தச் சத்தம் வாயடைக்க வைத்ததோ அந்தச் சத்தத்தையே கொண்டுவந்து பக்கத்தில் வெடிக்க வைத்துவிட்டேனே! இனி இந்தப் பிறப்பில் அவர் பாடமாட்டார்.

அவர் மெல்லக் கண்ணைத் திறந்தார். என் கழுத்தில் சுற்றியிருந்த தந்தியைப் பார்த்தார். சின்னராசா அண்ணையின் தலைமயிரில் குத்தி நின்ற குதிரையைப் பார்த்தார்.

"எடி," என்றார் இரகசியமாக. "இது உன்ரை வயலினோ?"

"ஓம் மச்சாள்."

முதலில் அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு சிரிப்பு வெளியே வந்தது, அடிவயிற்றில் இருந்து, அடக்க முடியாத சிரிப்பு. விழுந்து கிடந்த மைக் அதையும் வாங்கி ஊருக்குக் கொடுத்தது. கிடந்த சனம் ஒவ்வொருவராகத் தலையைத் தூக்கியது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, வேட்டியைத் தட்டிக்கொண்டு, வெட்கத்தோடு சிரிக்கத் தொடங்கியது. மாமா மட்டும் சிரிக்காமல் மகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மச்சாள் எழுந்து இருந்து, தலைமயிரைக் கோதி, விட்ட இடத்தில் இருந்து பாடினார். வயலின் இல்லாமல். நான் உடைந்த வயலினை மடியில் வைத்துக்கொண்டு தாளம் போட்டேன். அதிலும் இரண்டு இடத்தில் பிழைவிட்டேன் என்று சின்னராசா அண்ணை இன்றைக்கும் சொல்வார்.

பிறகு வயலினை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனேன். திருத்துகிறவர் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "உள்ளை நிண்ட தடி எங்கை?" என்று கேட்டார்.

"குசினிக் கதவிலை நிக்குது," என்றேன்.

அவர் எழுந்து வெளியே போய், கொஞ்ச நேரம் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றார். புதுக் குச்சிதான் போட வேண்டியிருந்தது. பழையதை அம்மா தர மறுத்துவிட்டார். "அது அங்கை நல்லா நிக்குது, ஆட்டாதை," என்றார்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் தகரக் கூரையில் தேங்காய் விழுந்தாலும், "ஆரது தந்தி மாத்தினது?" என்றுதான் கேட்பார்கள். சில வருடங்களில் உண்மையான சத்தங்கள் திரும்பி வந்தன. அவற்றை இங்கே எழுத எனக்கு மனமில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். பதுங்குகுழிக்குள் ஒருவர் மேல் ஒருவர் கிடந்தபோது, மிகக் கிட்டத்தில் ஒன்று விழுந்து மண் கொட்டியது. மண் நின்றதும், இருட்டுக்குள் அப்பாவின் குரல் கேட்டது. "ஆரடி தந்தி மாத்தினது?" நாங்கள் சிரித்தோம். சிரித்து முடிய அம்மா அழுதார்.

அந்த வயலின் நாங்கள் இடம்பெயர்ந்து ஓடிய பாதையில் எங்கேயோ போய்விட்டது. குசினியும் இல்லை, கதவும் இல்லை. இப்போது என்னிடம் வேறு வயலின் இருக்கிறது. தந்தி அதே மூன்றாவது வகைதான். யோகா மச்சாள் பாடுகிறார், நான் வாசிக்கிறேன். ஆனால் எந்த மேடையானாலும், எத்தனை பெரிய மனிதர் முன்னால் இருந்தாலும், தொடங்க முதல் என் பக்கம் திரும்பிக் கேட்பார்.

"தடி நிக்குதோ?"

நான் வயலினைச் சபைக்கு முன்னால் தூக்கி, அவர் காதோடு வைத்துக் குலுக்கிக் காட்ட வேண்டும். உள்ளே ஒன்றும் உருளவில்லை என்று தன் காதால் கேட்ட பிறகுதான், கண்ணை மூடித் தொடங்குவார்.