கவனம் அண்ணை தேடிய குட்டிப் பேய்

உலகத்தில் நடக்கக்கூடிய விபத்துகள் அனைத்தையும் அவை நடப்பதற்கு முன்பே பார்த்து முடித்துவிட்ட மனிதர் ஒருவர் உண்டென்றால், அது ஒஸ்லோவில், புருசெத்தில், எங்கள் எதிர்வீட்டில் இருந்த கவனம் அண்ணைதான். நடந்த விபத்துகளில் அவருக்கு அவ்வளவு அக்கறை இல்லை. நடக்காதவைதான் அவரைத் தூங்கவிடாமல் வைத்திருந்தன.

அவருக்கும் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. வாசல் மணிக்குக் கீழே எழுதியும் இருந்தது. யாரும் அதை வாசித்ததில்லை. குப்பை கொட்டப் போகிறேன் என்றால் "கவனம்" என்பார். தேத்தண்ணி குடிக்கிறேன் என்றால் "கவனம், சுடும்" என்பார். ஒரு கலியாண வீட்டில் எல்லோரும் மணமக்களை "பல்லாண்டு வாழ்க" என்று வாழ்த்திக்கொண்டிருக்க, இவர் மாப்பிள்ளையின் கையைப் பிடித்து, "கவனம் தம்பி" என்றார். அது வீடியோவில் பதிவாகி, பெண்வீட்டார் அதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்கள் என்று கேள்வி.

பனியில் வழுக்காமல் இருக்கச் சப்பாத்துக்கு அடியில் பூட்டும் இரும்பு முள்ளை நோர்வேக்காரர்கள் டிசம்பரில் வெளியே எடுப்பார்கள். அண்ணை செப்டெம்பரிலேயே பூட்டிவிடுவார். அவர் படியேறி வருவது குதிரை ஏறி வருவதுபோல் கேட்கும்.

என் மகள் பிறந்து வீட்டுக்கு வந்த அன்று அண்ணையும் அவர் மனைவி அக்காவும் பார்க்க வந்தார்கள். அக்கா பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சினார். அண்ணை நேரே ஜன்னலடிக்குப் போய், திரைச்சீலைக் கயிற்றை எட்டாத உயரத்தில் முடிச்சுப் போட்டார்.

"பிள்ளை எழும்பி நடக்கேக்கை கழுத்திலை சுத்தும், தங்கச்சி."

"அண்ணை, அவள் பிறந்து நாலு நாள்தான்."

"நாள் ஓடிப்போயிடும்."

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள். ஒரு மருத்துவமனைச் சமையலறையில் நோயாளிகளின் சாப்பாட்டுத் தட்டுகளில் சீட்டு ஒட்டுவது. இவருக்கு உப்புக் கூடாது, அவருக்குப் பால் கூடாது, இன்னாருக்குக் கச்சான் கடலை பட்டாலே மூச்சு அடைத்துவிடும். ஏற்கெனவே பயந்துகொண்டிருந்த மனிதருக்குப் பயப்படுவதையே உத்தியோகமாகக் கொடுத்துவிட்டார்கள்.

இரண்டாயிரத்துக்குப் பிறகுதான் ஹலோவீன் எங்கள் அடுக்குமாடிகளுக்குள் ஏறி வந்தது. ஒக்டோபர் கடைசியில், ஐந்து மணிக்கே இருட்டிவிடும் அந்த மாலையில், பாகிஸ்தான், சோமாலியா, யாழ்ப்பாணம், நோர்வே என்று எல்லா வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பேய்க்கூட்டமாகி மணியடித்தார்கள். "க்னாஸ்க் எல்லர் க்னெப்!" இனிப்புத் தா, இல்லாவிட்டால் குறும்பு செய்வோம் என்று பொருள்.

முதல் வருடம் அண்ணை விளக்கெல்லாம் அணைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய் இருந்துகொண்டார். பிள்ளைகள் சொன்ன சொல் தவறாதவர்கள். அவர் கதவில் மூன்று முட்டை அடித்துவிட்டுப் போனார்கள். மறுநாள் அண்ணை கலங்கிப்போய் நின்றார். கதவுக்காக அல்ல.

"பச்சை முட்டை, தங்கச்சி. பிறகு கை கழுவிச்சினமோ தெரியாது."

அடுத்த வருடம் நேருக்கு நேர் நிற்பது என்று முடிவெடுத்தார். ஸ்ட்ரோம்மன் பேரங்காடிக்குப் போய், பூதக்கண்ணாடியோடு மூன்று மணி நேரம் இனிப்புப் பைகளின் பின்பக்கத்தை வாசித்தார். கச்சான் கூடாது, பால் கூடாது, முஸ்லிம் பிள்ளைகள் வருவார்கள் ஆகவே பன்றிக் கொழுப்புச் சம்பந்தப்பட்ட எதுவும் கூடாது, தொண்டையில் சிக்கும் அளவில் உருண்டையாகவும் இருக்கக் கூடாது. இத்தனைக்கும் தப்பிய இனிப்பு ஒன்று கடைசியில் கிடைத்தது. பச்சை நிறம், தட்டை வடிவம். எனக்கும் ஒன்று தந்தார். மெழுகுதிரியைச் சப்பியதுபோல் இருந்தது.

ஹலோவீன் மாலையில் அக்கா வேலைக்குப் போய்விட்டார். என் கணவர் பஸ் ஓட்டப் போயிருந்தார். நான் பிள்ளைப்பேற்று விடுப்பில், ஆறு மாதக் குழந்தையோடு தனியே இருந்தேன். வேறு பொழுதுபோக்கு இல்லாததால் கதவுக் கண்ணாடி வழியே எதிர்வீட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அண்ணை மருத்துவமனைச் சமையலறை உடுப்பில் கதவைத் திறந்தார். வெள்ளைக் கோட், தலைக்கு வலைத்தொப்பி, கைக்குக் கையுறை. சுத்தத்துக்காக. வந்த சூனியக்காரிகள் ஒரு அடி பின்வாங்கினார்கள். அண்ணை அவர்களை ஒவ்வொருவராக விசாரித்தார். என்ன சாப்பிட்டால் ஒத்துக்கொள்ளாது? துணைக்கு யார் வந்தது? அந்தக் கத்தி பிளாஸ்டிக்கா, எங்கே காட்டு. நெற்றியில் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டு வந்த பெடியனை நாற்காலியில் இருத்தி, பஞ்சும் மருந்தும் எடுத்துவந்துவிட்டார். கறுப்பு உடுப்போடு வீதியைக் கடப்பது ஆபத்து என்று எல்லோருடைய முதுகிலும் வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டி ஒன்றைக் குத்தி அனுப்பினார். அந்த வருடம் புருசெத்தில் பேய்களெல்லாம் கார் வெளிச்சத்தில் பளபளத்தன.

நான் சிரித்துச் சிரித்துக் களைத்து, பிள்ளைக்குப் பால் கொடுக்க உள்ளே போனேன். கால் மணி நேரம் இருக்கும். என் கதவை யாரோ இரண்டு கையாலும் அடித்தார்கள்.

அண்ணைதான். முகம் அந்தக் கோட்டைவிட வெளுத்திருந்தது.

"தங்கச்சி, நான் கொலை செய்துபோட்டன்."

இழுத்து இருத்தித் தண்ணீர் கொடுத்துக் கேட்டதில் கதை துண்டு துண்டாக வந்தது. பச்சை இனிப்பு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு குட்டிப் பேய், வெள்ளைச் சீலை போர்த்துக்கொண்டு, தனியே வந்து நின்றது. ஒன்றும் பேசவில்லை. போகவும் இல்லை. வெறும் பையை நீட்டிக்கொண்டே நின்றது. அண்ணைக்கு அதை வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை. குசினிக்குள் ஓடி, அக்கா செய்து வைத்திருந்த கச்சான் அல்வாவில் ஒரு துண்டை வெள்ளித்தாளில் சுற்றிப் போட்டுவிட்டார்.

"கச்சான், தங்கச்சி! நான் கேக்கேல்லை. அத்தனை பிள்ளையளிட்டையும் கேட்டனான், அந்த ஒண்டிட்டை மட்டும் கேக்கேல்லை!"

"எல்லாப் பிள்ளையளுக்கும் கச்சான் ஒத்துக்கொள்ளாமல் போகாது, அண்ணை."

"ஒத்துக்கொள்ளாட்டி?"

மடியில் குழந்தையோடு இருந்தவளுக்கு அந்த ஒரு சொல் எப்படி இருக்கும்? "பொலிசுக்குப் போன் அடிப்பமோ?" என்றேன்.

"என்னெண்டு சொல்லுறது? பேயைக் காணேல்லை எண்டோ?"

பிள்ளையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, பேயைத் தேடி நானும் அவரோடு இறங்கினேன். குளிருக்கு நான் அவளுக்குப் போட்டிருந்தது தடித்த செம்மஞ்சள் உடுப்பு. அதன் விளைவை அப்போது யோசிக்கவில்லை.

கீழ்வீட்டுக் கதவை அண்ணை அடித்தார். ஒரு நோர்வே மூதாட்டி திறந்தார். பதற்றத்தில் அண்ணைக்கு இருபது வருட நோர்வேஜிய மொழி முழுவதும் மறந்துபோயிற்று. "கச்சான்! கச்சான்!" என்று கத்தினார்.

மூதாட்டி எங்களை மேலும் கீழும் பார்த்து மலர்ந்துவிட்டார். "என்ன அழகு! பைத்தியக்கார டொக்டரும் குட்டிப் பூசணிக்காயும்!" என்று, அண்ணையின் கையில் ஒரு பிடி இனிப்பைத் திணித்துக் கதவைச் சாத்தினார். நான் விளக்கம் சொல்ல வாய் திறப்பதற்குள் அண்ணை அடுத்த கதவை அடித்துக்கொண்டிருந்தார். அங்கேயும் இனிப்பு. அதற்கடுத்த கதவிலும் இனிப்பு. நான் பின்னால் ஓடி ஓடி, "வெள்ளைச் சீலைப் பேய் ஒன்று வந்ததா?" என்று கேட்டேன்.

"ஏழெட்டு வந்தது. அடையாளம் ஏதாவது உண்டா?"

"முதுகில் மின்னும் பட்டி."

"எல்லாவற்றின் முதுகிலும் இருக்கிறதே!"

மூன்றாம் மாடியில் இருந்தவர் சென்னையிலிருந்து கணினி வேலைக்கு வந்த இளைஞர். அண்ணையைப் பார்த்ததும் கைகொட்டிச் சிரித்தார். "சார், செம கெட்டப்பு!"

"தம்பி, கச்சான் குடுத்திட்டன்!"

"கச்சான்னா?"

"வேர்க்கடலை" என்றேன் நான், மூச்சு வாங்கிக்கொண்டு.

"கடலை மிட்டாயா? அதுக்கு ஏன் சார் அழறீங்க?"

அப்போதுதான் நானும் கவனித்தேன். அண்ணை அழுதுகொண்டிருந்தார். காரணத்தைக் கேட்டதும் இளைஞரின் சிரிப்பு நின்றது. "ஒரு குட்டிப் பேய் தனியா பக்கத்து பிளாக்குக்குள்ள போச்சு. இப்பத்தான், ஜன்னல்ல பார்த்தேன். ஓடுங்க சார்!"

அண்ணை ஓடினார். வெளியே ஈர இலைகள் கண்ணாடிபோல் வழுக்கிக்கொண்டு கிடந்தன. அவர் காலில் வீட்டுச் செருப்பு மட்டும். ஒரு தடவை விழுந்தார், எழும்பினார், திரும்பிப் பார்க்காமல் ஓடினார். அந்த மனிதர் ஓடி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பக்கத்து பிளாக்கில் முதல் மாடியில் யாரும் திறக்கவில்லை. இரண்டாம் மாடியில் ஒரு இளம் நோர்வேத் தாய், காதில் தொலைபேசியோடு திறந்தார். அந்த வாசலில்தான் அண்ணைக்கு மறந்த சொல் திரும்பி வந்தது.

"நொத்தர்!" என்றார். கடலை, கொட்டை எல்லாவற்றுக்கும் நோர்வேயில் அதுதான் சொல். "உங்கள் பிள்ளை வெள்ளைப் பேயா? நான் அதற்கு நொத்தர் கொடுத்துவிட்டேன்!"

அந்தப் பெண்ணின் முகம் வெளிறிப்போனதை நான் பார்த்தேன். தொலைபேசி கீழே விழுந்தது. உள்ளே ஓடினார். நாங்களும் கேட்காமல் பின்னால் ஓடினோம்.

சமையலறைத் தரையில் குட்டிப் பேய் சப்பாணி கட்டி இருந்தது. வெள்ளித்தாள் பிரிந்து கிடந்தது. கையில் அல்வாத் துண்டு. அதை வாய்க்குக் கொண்டுபோக முடியாமல் பேய் திணறிக்கொண்டிருந்தது. சீலையில் கண்ணுக்கு மட்டும்தான் இரண்டு ஓட்டை வெட்டியிருந்தார்கள். வாய்க்கு வெட்டவில்லை. ஒரு கையால் சீலையை அடியிலிருந்து சுருட்டிச் சுருட்டி, தாடைவரை கொண்டுவந்துவிட்டிருந்தது.

தாய் அந்தக் கையைத் தட்டிவிட்டார். அல்வா அடுப்படிக்குப் பறந்தது. சீலையை உருவி, வாயைத் திறந்து பார்த்து, கையையும் முகத்தையும் சவர்க்காரம் போட்டுக் கழுவிக் கழுவித் துடைத்தார். பையனுக்கு ஐந்து வயது இருக்கும். ஒன்றும் ஆகவில்லை. இனிப்பைப் பறித்துவிட்டார்கள் என்று மட்டும் வீறிட்டு அழுதான். அவ்வளவு இனிமையான அழுகையை நான் கேட்டதில்லை.

தாய் தரையிலேயே இருந்துவிட்டார். ஒரு கச்சான் போதும், ஆஸ்பத்திரிதான் என்று சொன்னார். மூத்த மகளோடுதான் அவனை அனுப்பியிருந்தார். அவள் தோழிகளோடு ஓட, சின்னவன் தனியே திரும்பி வந்திருக்கிறான். எதையும் பார்த்துத்தான் கொடுப்பாராம். தொலைபேசி வந்தது, இரண்டே நிமிடம்.

அண்ணையும் எதிரே தரையில் இருந்தார். மன்னிப்புக் கேட்டார். திரும்பக் கேட்டார். ஏழாவது தடவை அந்தப் பெண் அவர் வாயைத் தன் கையால் பொத்தி, "நீங்கள் எத்தனை கதவு தட்டினீர்கள்?" என்றார். "எண்ணேல்லை" என்று அண்ணை தமிழில் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். அந்தப் பெண் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். அண்ணை கையுறையோடு கையை உயர்த்திக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் விழித்தார். பிறகு, ஒவ்வாமை வந்தால் போடும் ஊசி வீட்டில் இருக்கிறதா என்று கேட்டு, அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துக் காலாவதித் திகதியை வாசித்தார். அதற்குப் பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

திரும்பி வரும்போது அண்ணை நொண்டினார். கோட் முழுக்கச் சேறு.

"சனம் என்னைப் பாத்துச் சிரிக்கிறது எனக்குத் தெரியும், தங்கச்சி."

"நானும் சிரிச்சனான், அண்ணை" என்றேன். வேறு என்ன சொல்வது?

"அதாலை ஒண்டுமில்லை" என்றார். "பிள்ளைக்குக் காது மூடியிருக்கோ எண்டு பாருங்கோ."

சில மாதங்களில் என் விடுப்பு முடிந்தது. மகளுக்குப் பிள்ளைகள் காப்பகத்தில் இடம் கிடைக்க இன்னும் நான்கு மாதம் ஆகும் என்றார்கள். உறவினர்கள் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். நான் யாரையும் யோசிக்கவில்லை. எதிர்க் கதவைத்தான் தட்டினேன். அக்காவுக்கும் அண்ணைக்கும் வேலை நேரம் மாறி மாறி வரும். எப்போதும் ஒருவர் வீட்டில் இருப்பார்.

அண்ணையின் முறை வரும் நாட்களில் என் வேலையிடத்துக்கு ஆறு தரம் போன் வரும். பிள்ளை தும்முது. பிள்ளை தும்மேல்லை. பிள்ளை சிரிக்குது, கூடச் சிரிக்குது, அது பரவாயில்லையோ? கூட வேலை செய்தவர்கள் மணி அடித்தாலே என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார்கள். கூட்டத்தில் இருந்தாலும், வாய் நிறையச் சாப்பாடு இருந்தாலும், அந்த ஆறு தரமும் நான் போனை எடுத்தேன்.