ஜாங்கிரியின் பத்தியம்

"பத்து கிலோ!" என்றார் கால்நடை டாக்டர் சேரன். "போன மாசம் ஒம்பதரை. இதயம் தாங்குமா அகஸ்டின்? சாப்பாட்டை இன்னும் பாதியாக் கொறைங்க."

எடை மெஷின் மேல் நின்ற ஜாங்கிரி டாக்டரைப் பார்த்து வாலை ஆட்டியது. அதன் அம்மா பொமரேனியன். அப்பா விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் யாரோ. ஊசி போட்டவரையும் மன்னிக்கிற குணம்.

அகஸ்டின் அதை வாரி மார்போடு அணைத்துக்கொண்டார். மகள் கல்யாணமாகிப் போன பிறகு வீட்டில் ஓடியாட இருந்தது அது ஒன்றுதான்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியைப் பிடித்துக்கொண்டார்.

"ரீட்டா, எனக்குத் தெரியாம நீதான் போடுற."

"நானா? டீக்கடையில பொறை வாங்கிக் குடுக்குறது யாருங்க? மாதா சத்தியமா நான் இல்ல!"

பிஸ்கட் டப்பா பீரோவுக்குள் போனது. பீரோ சாவி யாரிடம் இருப்பது என்ற தகராறில் இருவருக்கும் பேச்சே நின்றுபோனது.

அடுத்த வாரம் மெஷின் பத்தேகால் காட்டியது. "இன்னும் கொறைங்க" என்றார் டாக்டர்.

தெருதான் காரணம் என்று அகஸ்டின் முடிவு செய்தார். தான் வேலை பார்க்கும் பீங்கான் கம்பெனியில் ஒரு சின்ன வில்லை செய்து, எழுதி, சூளையில் சுட்டு, ஜாங்கிரியின் கழுத்தில் மாட்டிவிட்டார். 'தயவுசெய்து எனக்குச் சாப்பாடு போடாதீர்கள்.'

பக்கத்து வீட்டுச் சின்னம்மாள் அதைப் படித்தாள்.

"வாயில்லா ஜீவனைப் பட்டினி போட்டு, அதுக்கு போர்டு வேற! இவரெல்லாம் மனுசனா?" என்று நாலு இட்லி வைத்தாள். அவளைப் பார்த்துத் தெருவே இட்லி வைத்தது. ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குச் சாமியார் அகஸ்டினின் தோளில் கை போட்டு, "வூட்டுல ஏதாவது கஷ்டமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அடுத்த தடவை மெஷின் காட்டியது பத்தேமுக்கால் கிலோ.

அகஸ்டின் வில்லையைக் கழற்றி எறிந்துவிட்டு லீவு போட்டார். நண்பகலில் ஜாங்கிரி கேட்டுக்கு அடியில் நெளிந்து வெளியேறியது. பின்னாலேயே போனார். சின்னம்மாள் வீட்டுப் பக்கம் அது திரும்பவில்லை. வடை வாசனைக்கும் நிற்கவில்லை. கடைத்தெருவைத் தாண்டி, நேராக டாக்டர் சேரனின் கிளினிக்குக்குள் நுழைந்தது.

அகஸ்டினுக்குக் கண் கலங்கிவிட்டது. போனை எடுத்தார்.

"ரீட்டா! முடியாமப் போயி, அதுவே ஆஸ்பத்திரியத் தேடி வந்துருக்குது!"

பத்து நிமிடத்தில் ரீட்டா ஆட்டோவில் வந்து குதித்தாள். ஒரு காலில் செருப்பில்லை.

"உங்களப் போயிச் சந்தேகப்பட்டுட்டேங்க..."

"நானுந்தான் ரீட்டா."

கிளினிக் படியிலேயே உட்கார்ந்து ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். பிடித்து எத்தனையோ வருஷமாகிவிட்ட கைகள்.

சத்தம் கேட்டுக் கம்பவுண்டர் கோகுலகிருஷ்ணன் எட்டிப் பார்த்தார்.

"எதுக்குங்க அழுவுறீங்க? ஜாங்கிரி தெனமும் வரதுதானே! டாக்டரோட வூட்டுக்காரம்மா அனுப்புற கேரியரு சாப்பாட்ட அவரால வாயில வைக்க முடியலீங்க, நம்ம ஜாங்கிரி சாருதான் காலி பண்ணிக் குடுக்குறாரு. நடுவுல உங்க வூட்டுலயே வயிறு ரொம்பி வந்து பாதிய மிச்சம் வச்சாரு, அதாங்க உங்க வூட்டுச் சாப்பாட்டக் கொறைக்கச் சொன்னாரு டாக்டரு!"