ஜன்னலைப் பார்த்த தவளை

ஆல்பக்காரர் அன்று காலை எடுத்தது சாதாரண முடிவு அல்ல. இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றிக்கொண்டு, முன் அறையின் நட்டநடுவில் நின்று, எதிரே பெருங்கூட்டம் கேட்டுக்கொண்டிருப்பதுபோல எடுத்தார். எதிரே இருந்தது அவர் மனைவி ஒருத்திதான். அவளும் வாயில் நான்கு குண்டூசிகளைக் கவ்விக்கொண்டிருந்ததால் மறுத்துப் பேசும் நிலையில் இல்லை.

“இனிமே இந்த வீட்ல கலரைப் பத்திக் கண்ணு பேசக் கூடாது. கருவிதான் பேசணும்!”

அவர் கல்யாண ஆல்பம் வடிவமைப்பவர். ஸ்டூடியோக்காரர் எடுத்துத் தரும் படங்களைக் கம்ப்யூட்டரில் திருத்தி, அடுக்கி, லேபுக்கு அனுப்புவார். போன ஆல்பத்தில் மணப்பெண் திரையில் கோதுமை நிறமாக இருந்தாள். லேபில் அச்சாகி வந்தபோது கத்தரிக்காய் நிறம். பெண்ணைப் பெற்றவள் முதல் பக்கத்தைத் திறந்துவிட்டு, “என் பொண்ணு கழுத்தை யாரு பிடிச்சது?” என்று கேட்டாளாம். அந்தக் கேள்வியையும் ஆல்பத்தையும் ஸ்டூடியோக்காரர் ஒன்றாகவே கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார்.

“அண்ணே, அடுத்த ஆல்பமும் இப்படி வந்தா, நமக்குள்ள பழக்கம் மட்டும்தான் மிஞ்சும்,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

முன் அறைதான் அந்த வீட்டிலேயே வெளிச்சம் வரும் அறை. இரண்டு பெரிய ஜன்னல்கள். குடிவந்த அன்றே ஆல்பக்காரர் தன் நாற்காலியை அங்கே போட்டுவிட்டார். தையல் வேலை செய்யும் மனைவிக்குக் கிடைத்தது சமையலறைக்குப் பின்னால் இருந்த ஸ்டோர் ரூம். அதற்கு ஜன்னல் இல்லை. ஒரு டியூப்லைட் உண்டு. அந்த வெளிச்சத்தில் கறுப்பு நூலும் கருநீல நூலும் அக்கா தங்கை. எது எதுவென்று பார்க்க, துணியையும் நூல்கண்டையும் தூக்கிக்கொண்டு வாசல்வரை வருவாள்; பார்த்துவிட்டுத் திரும்புவாள். இருபது வருடமாக இதே நடை. அத்தனை நடையையும் ஒரே திசையில் நடந்திருந்தால் எந்தக் கடற்கரைக்கோ போய்ச் சேர்ந்திருக்கலாம். அவள் ஒவ்வொரு தடவையும் ஸ்டோர் ரூமுக்கே போய்ச் சேர்ந்தாள்.

“ரெண்டு ஜன்னல் இருக்கே, எனக்கு ஒண்ணு குடுங்களேன்” என்று கேட்டுப் பார்த்திருக்கிறாள்.

“நான் பண்றது கலை. உன் ஊசிக்கு இருக்கறது காதுதானே? காதுக்கு எதுக்கு வெளிச்சம்?” என்பார் அவர். சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொள்வார்.

திரையின் நிறத்தை அளக்கும் கருவி வந்து சேர்ந்தது. உள்ளங்கையில் அடங்கும் உருண்டை. கீழே கண்போல ஒற்றைக் கண்ணாடி. அதன் முழுப் பெயரை அவர் மூன்று தடவை சொல்லிக் காட்டினார். மனைவி ஒரு தடவை பார்த்துவிட்டுத் ‘தவளை’ என்றாள். அதன் பிறகு அது தவளைதான்.

கூட வந்த சாஃப்ட்வேர் ஏகப்பட்ட கேள்விகள் கேட்டது. ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்னக் கட்டம். ஆல்பக்காரர் எல்லாக் கட்டத்திலும் டிக் போட்டார்.

“படிச்சுப் பார்க்காம எல்லாத்துக்கும் போடறீங்களே?”

“அவ்வளவு பெரிய கம்பெனிக்காரன் யோசிக்காமலா வச்சிருப்பான்?”

தவளை கால் மணி நேரம் திரைமேல் ஒட்டிக்கொண்டு கிடந்தது. திரை சிவந்தது, பச்சையானது, நீலமானது. கடைசியில் ஒரு ‘ப்ரொஃபைல்’ தயாரானது. ப்ரொஃபைல் என்பது திரைக்குக் கொடுக்கும் நடத்தைச் சான்றிதழ். ‘இந்தத் திரைக்குச் சிவப்பு கொஞ்சம் தூக்கல், நீலம் கொஞ்சம் சோம்பல், அதற்குத் தக்கபடி நடத்தவும்’ என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லும். மணப்பெண்ணின் முகத்தில் அன்று மாலையே கோதுமை விளைந்தது.

வேலை முடிந்த தவளையை மேஜையோரம் அதன் பீடத்தில் உட்கார வைத்தார். அது ஒற்றைக் கண்ணால் அறையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“வேலைதான் முடிஞ்சுதே. இன்னும் எதுக்கு முழிச்சுக்கிட்டு இருக்கு?”

“ரூம் வெளிச்சத்தைப் பார்க்குதாம். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தரம்.”

“பார்த்து?”

“பார்த்து... அதெல்லாம் உனக்குப் புரியாது.”

‘உனக்குப் புரியாது’ என்று அவர் சொன்னால் ‘எனக்குத் தெரியாது’ என்று பொருள். இந்த அகராதி அவளுக்கு மனப்பாடம்.

மூன்றாம் நாள் வினை பிடித்தது. காலை பத்து மணிக்குக் கோதுமையாக இருந்த மணப்பெண் பதினொன்றுக்குப் பாசி பிடித்தாள். மாப்பிள்ளை, கிணற்றுக்குள்ளிருந்து இப்போதுதான் தூக்கியவன்போல நின்றான். மாலையில் தானாகவே இருவருக்கும் உடம்பு தேறியது.

ஆல்பக்காரர் சாஃப்ட்வேரைக் கழற்றிவிட்டு மறுபடி ஏற்றினார். மறுநாள் பதினொன்றுக்கு மறுபடி பாசி. ப்ரொஃபைல் பட்டியலைத் திறந்தார். ஒரே பெயரில் ஏழு கிடந்தன. ஏழையும் அழித்தார். வேண்டியதும் அதில் போய்விட்டது. திரை, திக்குத் தெரியாத பிள்ளைபோல நீலம் பாரித்து நின்றது. மறுபடி தவளையை ஒட்டவைத்தார். பிறகு கம்ப்யூட்டருக்குள் இன்னொரு சாஃப்ட்வேரும் தன் இஷ்டத்துக்கு நிறத்தைத் திருத்திக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்தார். ஒரு வீட்டுக்கு இரண்டு மாமியார்! “அகப்பட்டியா!” என்று அதை ஒழித்துக்கட்டினார். பதினொரு மணிக்கு மணப்பெண்ணோடு சேர்ந்து அவள் சித்தியும் பச்சையானாள்.

மனைவி டீயோடு வந்து, நோயாளியை விசாரிப்பதுபோல விசாரிப்பாள்.

“பொண்ணு இன்னிக்கு எப்படி இருக்கா?”

“காலைல நல்லாத்தான் இருந்தா. பதினொண்ணுக்கு மேல தாங்கல.”

“ஏங்க, நான் ஒண்ணு சொல்லட்டா? அந்த ஜன்னல்...”

“நீ சும்மா இரு. இது சாஃப்ட்வேர் விவகாரம். உனக்குப் புரியாது.”

அந்த நாட்களில் அவளுக்குப் பள்ளிக்கூட விளையாட்டு அணிக்கு ஜெர்ஸி தைக்கும் வேலை. கிளிப்பச்சை ஜெர்ஸி முப்பது. தேய்த்த உடனே மடித்தால் மடிப்பு விழும் என்று, காலை பத்தரைக்கு ஹேங்கரோடு முன் அறை ஜன்னல் கம்பிகளில் வரிசையாகத் தொங்கவிடுவாள். வெயில் அவற்றை ஊடுருவி உள்ளே வரும். மாலையில் எடுத்துவிடுவாள். ஆல்பக்காரர் முதுகை ஜன்னலுக்குக் காட்டி உட்கார்ந்திருந்தார். அவர் திரையைப் பார்த்தார். தவளை ஜன்னலைப் பார்த்தது. அவள் திரை, தவளை, ஜன்னல் மூன்றையும் பார்த்தாள்.

இரண்டு வாரம் போயிற்று. ஆல்பம் கொடுக்க ஆறு நாள்தான் பாக்கி. ஆல்பக்காரர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“கையேட்டுல என்னதான் போட்டிருக்கான்?” என்றாள் மனைவி.

“எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி இருக்கு. நீயே படி.”

அவள் பக்கங்களைப் புரட்டினாள். ஒரு பக்கத்தைச் சற்று வேகமாகவே புரட்டினாள். “‘அறையின் வெளிச்சம் நாள் முழுவதும் ஒரே சீராக இருப்பது உத்தமம். ஜன்னல் இல்லாத அறை, சாம்பல் நிறச் சுவர்...’ விடுங்க, இதெல்லாம் நமக்கு ஒத்து வராது.”

“நில்லு. மறுபடி படி.”

“படிச்சு என்ன? ஜன்னல் இல்லாத ரூமுக்கு நாம எங்க போறது?”

ஆல்பக்காரரின் பார்வை மெல்ல எழுந்தது. சமையலறையைத் தாண்டிப் போய் ஒரு கதவின்மேல் நின்றது.

ஓர் ஆண்பிள்ளையை ஓர் அறைக்குள் அனுப்ப இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ‘உள்ளே போங்கள்’ என்று சொல்வது. அது இன்றுவரை எந்த வீட்டிலும் பலித்ததில்லை.

“ஐயோ, அங்கயா? வேண்டாங்க!” என்றாள் அவள்.

“ஏன் வேண்டாம்?”

“காத்து வராதுங்க. உங்க உடம்புக்கு ஆகாது.”

“கலைன்னு வந்துட்டா உடம்பைப் பார்க்க முடியுமா?”

“அப்ப என் மெஷினை எங்க கொண்டுபோய்ப் போடறது?”

“இங்க போட்டுக்கோ.”

“இவ்வளவு வெளிச்சத்துலயா? கண்ணு கூசுமே.”

“கூசினா பழகிக்கோ! எல்லாரும் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத்தான் போகணும்.”

“நாளைக்கே மாத்திப் பேசுவீங்க.”

“நான் சொன்னா சொன்னதுதான்!” மேஜைமேல் ஓங்கித் தட்டினார். தவளை ஒரு முறை குதித்து உட்கார்ந்தது.

அன்றைக்கே சாமான்கள் இடம் மாறின. ஸ்டோர் ரூமுக்கு அவரே ஸ்டூல் போட்டு ஏறி இரண்டு பூச்சு சாம்பல் வண்ணம் அடித்தார். சட்டையின் நிறம்கூடத் திரையில் பிரதிபலிக்கக் கூடாது என்று சாம்பல் சட்டை வாங்கினார். தலைமுடி ஏற்கெனவே ஒத்துழைத்திருந்தது. வியர்த்துக் கொட்டியது. ஆனால் பத்து மணிக்குக் கோதுமையாக இருந்த மணப்பெண் பதினொன்றுக்கும் கோதுமை, பன்னிரண்டுக்கும் கோதுமை. அச்சாகி வந்த ஆல்பத்திலும் அட்டை முதல் அட்டை வரை கோதுமை.

ஸ்டூடியோக்காரர் பக்கங்களைத் தடவித் தடவிப் பார்த்தார். “அண்ணே, எப்படிண்ணே?”

“நூத்துல தொண்ணூத்தொம்பது பேரு ஜன்னலோரமா உக்காந்து கலர் பார்க்கறான். அங்கதான் தப்பு. இது நானா யோசிச்சுக் கண்டுபிடிச்சது.”

பேச்சு பரவியது. புகைப்படக்காரர்கள் சங்கத்தில் அவரைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னார்கள். ‘சாம்பல் அறை’ என்ற தலைப்பில் முக்கால் மணி நேரம் பேசினார். ‘ஜன்னல் என்பது நிறத்தின் எதிரி’ என்ற இடத்தில் கைதட்டல். ஞாயிற்றுக்கிழமை இருபது பேர் அந்த அறையை நேரில் பார்க்க வருவதாக ஏற்பாடு.

சனிக்கிழமை, அவர்களிடம் சொல்ல இன்னும் இரண்டு நுணுக்கம் தெரிந்துகொள்ளலாமே என்று கம்பெனியின் உதவி எண்ணைக் கூப்பிட்டார். ஒரு பெண் இனிமையாகப் பேசினாள். கருவியின் எண்ணைக் கேட்டாள்.

“சார், இந்த எண்ணுக்கு ஒரு புகார் வந்து, தீர்ந்தும் போயிருக்கே.”

“நான் எந்தப் புகாரும் சொல்லலியே!”

“உங்க வீட்ல ஒரு அம்மா பேசியிருக்காங்க சார். ஜன்னல்ல பச்சைத் துணி தொங்கினா திரையும் பச்சையா ஆகுது, ஏன்னு கேட்டிருக்காங்க. ‘அறை வெளிச்சத்துக்கு ஏற்ப மாற்று’ன்னு ஒரு டிக் இருக்கும், அதை மட்டும் எடுத்துடுங்க, அப்புறம் திரை தானா மாறாதுன்னு சொல்லியிருக்கோம்.”

ஆல்பக்காரர் சாம்பல் சுவரில் சாய்ந்துகொண்டார். “இது... எப்போ?”

“நீங்க வாங்கின நாலாம் நாள் சார். இன்னொண்ணும் கேட்டிருக்காங்க. டிக்கை எடுக்காமலே விட்டா கருவிக்கு ஏதாவது கெடுதல் வருமான்னு. வராதுன்னு சொன்னதும் ரொம்ப சந்தோஷப்பட்டு, எங்க சேவைக்கு அஞ்சுக்கு அஞ்சு போட்டிருக்காங்க.”

அவர் முன் அறைக்குள் பாய்ந்தார். ஜன்னலோரம் அவள் உட்கார்ந்திருந்தாள். விளிம்பில் வெள்ளைப் பொத்தான்களைப் பரப்பிவைத்து, பகல் வெளிச்சத்தில் இனம் பிரித்துக்கொண்டிருந்தாள். பால் வெள்ளை, எலும்பு வெள்ளை, சுண்ணாம்பு வெள்ளை. வெள்ளையில் இத்தனை வெள்ளை உண்டென்று நிறத்தால் பிழைக்கும் அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. கோபம் ஒரு நொடி வழி தவறி, மறுபடி வந்து சேர்ந்தது.

“நாலாம் நாளே உனக்குத் தெரியுமா?”

“எதுங்க?”

“அந்த டிக்!”

“ஓ, அதுவா.”

“அதுவாவாம்! ரெண்டு வாரம் மண்டையை உடைச்சுக்கிட்டேன். சொல்லக் கூடாதா?”

“சொல்லத்தான் வந்தேன். மூணு தரம் வந்தேன். மூணு தரமும் எனக்குப் புரியாதுன்னீங்க. புரியாத விஷயத்தை நான் எப்படிங்க சொல்றது?”

“டிக்கை எடுத்துட்டு இப்பவே என் மேஜையைத் தூக்கிட்டு வர்றேன் பாரு!”

“தாராளமா வாங்க. இன்னொரு பக்கம் நான் பிடிச்சுக்கறேன்.” ஒரு பொத்தானை வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்தாள். “நாளைக்கு இருபது பேரு வர்றாங்களே, அவங்களுக்கு எதைக் காட்டலாம்? ஜன்னலையா?”

ஆல்பக்காரருக்குச் சங்கத்தில் கிடைத்த கைதட்டல் காதில் கேட்டது. வந்த வழியே ஸ்டோர் ரூமுக்குத் திரும்பினார்.

மறுநாள் இருபது பேரும் வந்தார்கள். ஸ்டோர் ரூமில் ஐந்து பேருக்குமேல் கொள்ளாது. முறை வைத்து உள்ளே போய், வியர்த்து, வியந்து, வெளியே வந்தார்கள். கடைசி முறையில் ஸ்டூடியோக்காரர் சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“உண்மையைச் சொல்லுங்கண்ணே. நல்ல ஜன்னலை விட்டுட்டு இதுக்குள்ள வந்து உக்காரணும்னு முதல்ல யாருக்குத் தோணுச்சு?”

முன் அறையில் ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் நின்றது.

ஆல்பக்காரர் சாம்பல் சட்டையின் கழுத்துப் பொத்தானைத் தளர்த்திக்கொண்டார்.

“எனக்குத்தான்,” என்றார்.

மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது.