தேவமணியார் வன்தட்டு மீட்ட பரணி

வாழி தேவமணி! பொதிகையில் பிறந்து, பாபநாசத்தில் குதித்து, போகிற வழியெல்லாம் நெல்லும் வாழையும் விளைவித்து, ஊருக்கு ஒரு பள்ளிக்கூடமும் பள்ளிக்கூடத்துக்கு ஒரு சண்டையும் வளர்த்துவிட்டுக் கடலுக்குப் போகும் பொருநை நதியின் கரையில், முக்கூடலில் உதித்து, பாளையங்கோட்டையில் பணியேற்று, இருபத்தாறு ஆண்டுகளாக அல்ஜீப்ராவால் சிறாரை அடக்கியாளும் கணித வேந்தே, வாழி! சாக்பீஸ் தூள் படிந்த சட்டைக் கவசமும், சிவப்பு மைப் பேனா என்னும் செவ்வேலும், மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தே ஒன்பதாம் வகுப்பு 'இ' பிரிவை ஊமையாக்கும் ஒற்றைப் பார்வையும் உடையோய், வாழி! உன் வீரத்தைப் பாடப் புகுந்த எமக்கு ஆயிரம் நாவு வேண்டும். இருப்பதோ ஒன்று, அதுவும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் சற்றுக் குழறும். ஆயினும் பாடுவோம்.

போர் நிகழ்ந்தது ஜூன் மாதத்து முதல் வெள்ளிக்கிழமை, பள்ளி திறக்க மூன்றே நாள் இருக்கையில். களம், பள்ளியின் கணினி அறை. காரணம் பெண்ணுமன்று, மண்ணுமன்று. ஒரே ஒரு பக்கம் கொண்ட கால அட்டவணை. நகைக்காதீர்! முப்பத்துநான்கு ஆசிரியர்களை ஐந்து நாளில், நாளுக்கு எட்டுப் பீரியடில், ஒருவரும் முகத்தைத் தூக்காதபடி பொருத்திப் பாரும், அப்புறம் சிரியும். முழங்கால் வலிக்காரருக்கு மாடி ஏறாத வகுப்பு வேண்டும். சாப்பாட்டுக்குப் பிறகு பாடம் எடுத்தால் பிள்ளைகளுக்கு முன்னால் தாமே உறங்கிவிடும் வரலாற்று ஆசிரியருக்கு முற்பகல் வேண்டும். ஆழ்வார்திருநகரியிலிருந்து பஸ் ஏறி வருகிற டீச்சருக்கு முதல் பீரியட் ஆகாது. பத்து வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாத இரண்டு அறிவியல் ஆசிரியர்களுக்கு லேபில் வெவ்வேறு நாள் வேண்டும், ஒருவர் கழுவி வைத்த சோதனைக் குழாயைக்கூட மற்றவர் தொடமாட்டார். இத்தனை பேர் மனமும் கோணாமல், மே மாத வெயிலில் மூன்று வாரம் மின்விசிறிக்கடியில் தவமிருந்து, தேவமணியார் அந்த அட்டவணையைச் செய்து முடித்தார்.

எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசிப் பந்தியில் உட்காருகிறவரைப் போல, இறுதியில் தமக்கும் ஒன்று எடுத்துக்கொண்டார். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட் தேவமணிக்கு ஓய்வு. அந்த ஒரு கட்டம் வெறுமையாக இருந்தால் போதும், மூன்றே முக்கால் முக்கூடல் பஸ்ஸைப் பிடித்து, ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, சாரல் காற்று முகத்தில் அடிக்க ஊர் போகலாம். இருபத்தாறு வருடம் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே போன மனிதர் அவர். அந்த வெறும் கட்டத்தைத் திரையில் பெரிதாக்கிப் பார்த்து, ஒருநாள் அவர் கண் கலங்கியதும் உண்டு.

இனி அப்பள்ளியின் தொல்மரபைச் சொல்ல வேண்டும். ஆசிரியர் கூட்டத்தில் வாசிக்கப்பட்டு, தலைமையாசிரியை ஒப்பமிட்டு, கண்ணாடிப் பலகைக்குள் வைத்துப் பூட்டப்பட்ட அட்டவணைக்கு மறுபேச்சே கிடையாது. ஆனால் பூட்டு விழுமுன் எவர் கண்ணிலாவது பட்டதோ, தொலைந்தது. போன வருடம் அது ஒரு பென் டிரைவ் வழியே கசிந்து, அன்று மாலை ஐந்து மணிக்குள் பதினொரு விண்ணப்பங்களும், ஒரு அழுகையும், ஒரு ராஜினாமா மிரட்டலும் வந்து சேர்ந்தன. அன்றே தேவமணியார் சபதம் பூண்டார்: இனி அட்டவணை பென் டிரைவில் ஏறாது, போனில் ஏறாது, கூட்டத்துக்குப் பத்து நிமிடம் முன்புவரை தாளிலும் ஏறாது. கணினி அறையின் மூலைக் கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள், ஒரே ஒரு வன்தட்டில், கடவுச்சொல்லுக்குள் உறங்கும்.

புதன்கிழமை அந்த வன்தட்டு இருமத் தொடங்கியது. 'கடக்' என்றது. சற்றுப் பொறுத்து மீண்டும் 'கடக்' என்றது. கணினி ஆசிரியை கலைச்செல்வி காதை வைத்துக் கேட்டார். வயதில் சின்னவர்தான், ஆனால் கம்ப்யூட்டரின் நாடி பிடிப்பதில் அந்த வட்டாரத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. கேட்டுவிட்டுப் பிரகடனம் செய்தார்:

"சார், ஹார்ட் டிஸ்க் போவப்போவுது. இன்னைக்கோ நாளைக்கோன்னு கெடக்கு. முழு டிஸ்க்கையும் அப்படியே ஒரு இமேஜா எடுத்து, புதுசு ஒண்ணு மாட்டி அதுல இறக்கிருவோம். நாளைக்கி எனக்குத் தூத்துக்குடில டிரெய்னிங். வெள்ளிக்கெழம காலைல வந்துருதேன். அதுவரைக்கும் ரொம்பப் போட்டு ஓட்டாதீய."

அஃதாவது, வீட்டைச் சாமான் செட்டோடும், சுவரில் அடித்த ஆணியோடும், ஆணியில் தொங்கும் காலண்டரோடும் அப்படியே படியெடுத்து வேறு மனையில் இறக்குகிற வித்தை. அதற்கென்றே ஒரு மென்பொருள் உண்டு, அந்த மென்பொருளுக்கு ஒரு கையேடு உண்டு. கையேடு என்ற சொல் காதில் விழுந்ததும் நம் வேந்தர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஏனெனில் அவர் காகிதம் ஒன்றையே நம்புகிற குலத்தவர். வாயால் சொன்னதை நம்பார், திரையில் கண்டதையும் நம்பார். அச்சேறி, கையில் வந்து, சிவப்பு மையால் அடிக்கோடு வாங்கியதே அவருக்கு மெய். எனவே வியாழக்கிழமை, பக்கத்துக் கம்ப்யூட்டரில் அந்தக் கையேட்டைத் திறந்து, பள்ளியின் ஒரே பிரிண்டரை எழுப்பி, நூற்றுப் பதினெட்டுப் பக்கங்களையும் வண்ணப் படங்களோடு அச்சடித்தார். பிரிண்டர் காலையில் கம்பீரமாய்த் தொடங்கி, மத்தியானம் முனகி, மாலையில் விக்கியது. கடைசி முப்பது பக்கங்கள் மார்கழிப் பனியில் தெரியும் தெருவைப்போல் வெளுத்து வந்தன. வேந்தர் அதைப் பொருட்படுத்தவில்லை. பஸ் ஸ்டாண்டு எதிரே ஸ்பைரல் போட்டு, இரவு முழுதும் அடிக்கோடிட்டு, வெள்ளி காலை பத்து மணிக்கு அதை மார்போடு அணைத்துக்கொண்டு களம் புகுந்தார்.

என்னே அந்தக் களத்தின் கோலம்! ஒருபுறம், இருமிக்கொண்டு கிடக்கும் கிழவன்தட்டு. மறுபுறம், பெட்டி பிரியாத புதுத்தட்டு. நடுவே, இமேஜைத் தாங்கிக்கொள்ள வந்த வெளித்தட்டு. மூன்றின் நெற்றியிலும் வேந்தர் சிவப்பு மையால் எழுதி ஒட்டியிருந்தார்: 'பழசு', 'புதுசு', 'நடுவர்'. கலைச்செல்வி மீட்பு சிடியைச் செருகி எந்திரத்தை எழுப்பினார். திரையில் ஒரு வாசகம் தோன்றியது. அறுபது நொடிக்குள் ஏதேனும் ஒரு பொத்தானை அழுத்தினால் மென்பொருள் தொடங்கும். அழுத்தாவிட்டால் எந்திரம் பழைய தட்டிலிருந்தே எழுந்துவிடும். ஐம்பத்தொன்பது, ஐம்பத்தெட்டு என்று எண்கள் இறங்கலாயின.

அந்நேரத்தில், "பொறு வே!" என்றொரு குரல் கேட்டது. மூத்த தமிழாசிரியர் அப்பாத்துரை அண்ணாச்சி வாசலில் நின்றார். "ஜெபம் பண்ணாம இந்தப் பள்ளிக்கூடத்துல ஒரு ஆணி அடிச்சதுண்டா? எல்லாரும் கண்ண மூடுங்க."

மூடினார்கள். மூடாமல் முடியுமா? அந்த வளாகத்தில் மணியடிக்கும் முன் ஜெபம், பரீட்சைக்கு முன் ஜெபம், பரீட்சைத்தாள் கட்டுப் பிரிக்கும் முன் தனி ஜெபம். அண்ணாச்சியின் ஜெபமோ பாபநாசத்து மதகைத் திறந்தது போன்றது. திறந்தால் ஆழ்வார்திருநகரி வரை பாயாமல் நிற்காது. "அன்பின் பரலோகப் பிதாவே, இந்த நல்ல வேளைக்காக ஸ்தோத்திரம்" என்று அவர் தொடங்கும்போதே இருபது நொடி போயிற்று. கம்ப்யூட்டரைக் கண்டுபிடித்தவர்களுக்காகவும், அவர்கள் பிள்ளைகளுக்காகவும், பழுதான சகல எந்திரங்களுக்காகவும், ஆஸ்பத்திரியில் கிடப்போருக்காகவும், அணைக்கு நல்ல நீர்வரத்துக்காகவும் அவர் மன்றாடி ஆமென் சொல்லிக் கண் திறந்தபோது, எண்கள் எப்போதோ சூனியமாகி, கிழவன்தட்டு 'கடக் கடக் கடக்' என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தது.

"ஐயையோ சார், உள்ள போயிட்டு!" என்று பாய்ந்தார் கலைச்செல்வி. மேசையடியில் தவழ்ந்து வயரைப் பிடுங்கி எறிந்தார். 'கடக்' நின்றது. தேவமணியார் நாற்காலியில் சரிந்தார். அவர் கண்முன் முக்கூடல் பஸ் கிளம்பிப் போயிற்று, ஜன்னலோரத்தில் வேறு எவரோ உட்கார்ந்திருந்தார்.

"ஜெபத்துல எங்கனயோ கொற வச்சிட்டோம் போலுக்கே. இன்னொருக்க பண்ணுவோம் வே" என்றார் அண்ணாச்சி.

மறுக்க எவருக்கும் துணிவில்லை. மீண்டும் எந்திரம் எழுந்தது, மீண்டும் மதகு திறந்தது. ஆனால் இம்முறை கலைச்செல்வி ஒரு கண்ணை மட்டும் பக்தியோடு மூடி, மறு கண்ணை எண்கள் மேல் வைத்து, நீர்வரத்து அணையை எட்டுமுன்பே சுண்டுவிரலால் ஒரு பொத்தானைத் தொட்டார். தொட்டுவிட்டு அவர் சொன்ன ஆமென் அங்கிருந்த எல்லோருடையதையும்விடப் பெரிதாயிருந்தது.

தொடங்கியது படியெடுப்பு! நீலப் பட்டை ஒன்று மண்புழுவின் மிடுக்கோடு ஊர்ந்தது. மீதமுள்ள நேரம் இரண்டு மணி என்றது. அடுத்த கணம் ஏழு நிமிடம் என்றது. வேந்தர் முகம் மலர்வதைப் பார்த்துவிட்டு இருபத்தாறு மணி என்றது. கணக்கு வாத்தியாரிடமே இப்படிக் கணக்குச் சொன்ன அந்தத் திரையை அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். ஒன்பதாம் வகுப்பு 'இ' பிரிவாயிருந்தால் அழுதிருக்கும்.

எண்பத்தேழு விழுக்காட்டில் பட்டை நின்றது. இவ்விடத்தைப் படிக்க இயலவில்லை, மீண்டும் முயல்வதா, விட்டுவிட்டு மேலே செல்வதா, நிறுத்திவிடுவதா என்று மென்பொருள் வினவியது. இதற்கன்றோ கையேடு! வேந்தர் வெற்றிப் புன்னகையோடு தொண்ணூற்றேழாம் பக்கத்தைப் புரட்டினார். 'இந்நிலை ஏற்படின் நீங்கள் உடனடியாகச் செய்ய வேண்டியது' என்பதுவரை எழுத்து இருந்தது. அதற்குக் கீழே ஒரே வெள்ளை. ஜன்னலில் பிடித்துப் பார்த்தார், டியூப்லைட்டில் பிடித்துப் பார்த்தார், சாய்த்துப் பார்த்தார். செய்ய வேண்டியது தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியை ஜெசி அம்மா வந்து நின்றார். "என்ன சார், மூணு மணிக்குக் கூட்டம். இப்பமே ஸ்டாஃப் ரூம்ல பாதிப்பேரு மொகத்தத் தூக்கி வச்சிட்டு இருக்காவ. இன்னைக்கிப் பூட்டலேன்னா சனி, ஞாயிறு ரெண்டு நாளும் என் வீட்டு வாசல்லதான் நிப்பாவ, சொல்லிட்டேன்."

படிக்க இயலாத அந்த இடத்தில் இருப்பது அட்டவணையாகவே இருந்துவிட்டால்? மூன்று வார வெயில் நினைவுக்கு வந்தது. சோதனைக் குழாய்கள் நினைவுக்கு வந்தன. அந்த வெறும் கட்டம் நினைவுக்கு வந்தது. மீண்டும் முயன்றால் கிழவன்தட்டு அங்கேயே உயிரை விடலாம். நிறுத்தினாலோ எல்லாம் போயிற்று. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று ஊருக்கெல்லாம் சொல்பவர், கையேட்டை மூடி அதன்மேல் கையை ஓங்கி அடித்து, கட்டடம் அதிரப் பிரகடனம் செய்தார்:

"போனாப் போவுது, நடக்கது நடக்கட்டும். விட்டுட்டு மேல போ! அமுக்கும்மா!"

அமுக்கினார். எண்பத்தெட்டு! தொண்ணூறு! நூறு! பன்னிரண்டே முக்காலுக்கு இமேஜ் முழுதாய் நடுவர் தட்டில் இறங்கியது. கிழவன்தட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் கிடத்தினார்கள். புதுத்தட்டைப் பொருத்துகையில் ஒரு திருகாணி உருண்டு பீரோவுக்கடியில் ஒளிய, உதவிக்கு வந்திருந்த இரண்டு பட்டதாரி ஆசிரியர்கள் தரையில் படுத்து ஸ்கேலால் துழாவி அதைச் சிறைப்பிடித்தனர். பின்பு மீட்சி தொடங்கியது. 'இந்தத் தட்டில் உள்ள யாவும் அழியும், சம்மதமா' என்று மென்பொருள் மிரட்டியபோது, வேந்தர் 'புதுசு' என்ற சீட்டை மூன்று முறை வாய்விட்டு வாசித்துவிட்டே சம்மதித்தார். மண்புழு மறுபடி ஊர்ந்தது. ஒருவரும் சாப்பிடப் போகவில்லை. டப்பாக்களில் புளியோதரை ஆறிக் கிடந்தது.

இரண்டு நாற்பத்தொன்றுக்குக் கம்ப்யூட்டர் எழுந்தது. இருமல் இல்லை, விக்கல் இல்லை. மணிமுத்தாறு சுற்றுலாவில் எடுத்த படம் திரையில் அப்படியே விரிந்தது. வேந்தர் கடவுச்சொல்லை இட, விரிந்தது அட்டவணை! முப்பத்துநான்கு பேரும் இருந்தார்கள். முழங்கால் வலி தரைத்தளத்தில் இருந்தது, உறக்கம் முற்பகலில் இருந்தது, சோதனைக் குழாய்கள் திங்களும் வியாழனுமாய்ப் பிரிந்திருந்தன. வெள்ளிக்கிழமை கடைசிக் கட்டம் வெறுமையாக, பால்போல் வெறுமையாக இருந்தது. போன வருடத்துப் பதினொரு விண்ணப்பங்களைப் படியெடுத்து வைத்திருந்த கோப்பு மட்டும் திறக்கவில்லை. அதற்காக ஒருவரும் அழவில்லை.

அப்போது எழுந்த ஆரவாரத்தை என்னென்பேன்! அப்பாத்துரை அண்ணாச்சி கண்ணைத் திறந்துகொண்டே ஸ்தோத்திரம் சொன்னார். கலைச்செல்வி நடுவர் தட்டின் வயரைக் கழற்றித் தலைக்குமேல் சுழற்றினார். ஜெசி அம்மா ஒரு கையில் பச்சை மைப் பேனாவைத் திறந்து பிடித்து, மறு கையில் கண்ணாடிப் பலகையின் சாவியைக் குலுக்கியபடி நின்றார். மணி இரண்டு ஐம்பது. தாழ்வாரத்தில் மற்ற ஆசிரியர்களின் செருப்புகள் படைபோல் நெருங்கும் ஓசை கேட்க, சபதம் காத்த செம்மல், கிழவன்தட்டை வென்ற கீர்த்தியர், வெள்ளை கண்ட பக்கத்துக்கும் வெருளா நெஞ்சர், முக்கூடல் தந்த முழுமதி, தேவமணியார் எழுந்து நின்று, சட்டைப் பொத்தானைச் சரிசெய்து, கழுத்தில் வழிந்த வியர்வையைத் துடைத்து, ஜன்னலோர இருக்கையை மனக்கண்ணில் ஒருமுறை தடவிப் பார்த்து, உலகம் உவக்கத் தம் வலது சுட்டுவிரலை உயர்த்தி, அச்சிடு என்னும் ஆணையை ஓங்கி அழுத்தினார்.

பிரிண்டரில் மை தீர்ந்திருந்தது.