இரவல் துப்பாக்கிகள்

வியாழன்தோறும் எங்கள் தபால் பெட்டிக்கு வந்து சேரும் பத்திரிகையின் ஆசிரியர் திருமதி கெய்லா பிரெக்கி அவர்களுக்கு, வடக்குச் சாலைக் கடைசி வீட்டு ஆர்விட் டாலஃப்சன் எழுதிக்கொள்வது.

இங்கு நானும் என் மனைவி லொரெய்னும் நலம். கோதுமை அறுப்பு முடிந்து தானியம் களஞ்சியம் சேர்ந்துவிட்டது. காற்று மட்டும் நிற்கவில்லை. அது நம் மாவட்டத்தில் என்றைக்கு நின்றது? உங்கள் வீட்டுக்காரரும் குழந்தைகளும், போன மாதம் பழுதாகிப் படுத்திருந்த உங்கள் அச்சு இயந்திரமும் சௌக்கியமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

நிற்க. துப்பாக்கி மசோதாவைப் பற்றி அடுத்த இதழில் இரண்டு பக்கம் ஒதுக்கியிருப்பதாகவும், ஆதரவுப் பக்கத்துக்குப் பெர்னிஸ் ஹாக்கன்சன் எழுதுவதாகவும், எதிர்ப்புப் பக்கத்துக்கு வழக்கம்போல் நான் எழுத வேண்டும் என்றும் கேட்டிருந்தீர்கள். மசோதா இன்னதென்று எல்லோருக்கும் தெரியும். ஒருவன் தன்னையோ பிறரையோ சுட்டுவிடுவான் என்று வீட்டாரோ போலீஸாரோ நீதிபதியிடம் போய்ச் சொன்னால், அவர் விசாரித்து, அவன் துப்பாக்கிகளைக் கொஞ்ச காலத்துக்கு வாங்கி வைக்க உத்தரவு போடலாம். இந்த மாதிரி மசோதாவை எதிர்த்து எழுத எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்கள் அப்பா ஆசிரியராக இருந்த காலத்திலிருந்தே எழுதிவருகிறேன், அவர் பாதியை வெட்டிவிட்டுத்தான் போடுவார். முதல் வரியும் எழுதிவிட்டேன்: 'நம் வீட்டு அலமாரியில் அரசாங்கம் கைவைக்க வேண்டாம், நம்மை நாமே பார்த்துக்கொள்வோம்.' அதோடு பேனா நின்றுவிட்டது. ஏன் நின்றது என்பதைத்தான் இனி எழுதப்போகிறேன். நீண்டுபோனால் பொறுத்துக்கொள்ளுங்கள், வெட்ட வேண்டாம்.

எனக்கு ஒரு நண்பன். பெயரைச் சொல்ல மாட்டேன், நார்மன் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் மாவட்டத்தில் நார்மன் என்று ஒருவரும் கிடையாது, கல்லறைத் தோட்டத்திலும் போய்ப் பார்த்துவிட்டேன். பனி உருகுகிற சமயத்தில் அவன் மனைவி, ஆக்னெஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள், காலமானாள். சர்ச்சின் கீழ்க்கூடத்தில் கூடி எல்லோரும் ஹாம் சாண்ட்விச் சாப்பிட்டோம். வாரக்கணக்கில் ஆளுக்கொரு கேசரோல் சமைத்துக் கொண்டுபோய் அவன் வாசலில் வைத்தோம். பிறகு விதைப்பு வந்தது, அவரவர் டிராக்டரில் ஏறிவிட்டோம். இந்த நிலையில் போன மாதம் ஒருநாள் காலைக் காபிக் கடைக்கு வந்த மாட்டு வைத்தியர், நார்மன் தன் வேட்டை நாயை அவரிடமே கொடுத்துவிட்டதாகச் சொன்னார். ஃபெசன்ட் பறவை வேட்டை தொடங்க இரண்டு வாரம்கூட இல்லை. அந்த நாயோ, புல்லுக்குள் பதுங்கியிருக்கும் பறவையை மோப்பம் பிடித்து ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றதென்றால் நாங்களே தொப்பியைக் கழற்றுவோம், அப்படிப்பட்ட நாய். வயதாகிவிட்டது, நாய்க்குப் பின்னால் நடக்க முடியவில்லை போலும் என்று பேசிக்கொண்டு ஆளுக்கு இன்னொரு கோப்பை ஊற்றிக்கொண்டோம்.

வீட்டுக்கு வந்து இதை ஒரு செய்தியாகத்தான் லொரெய்னிடம் சொன்னேன். உருளைக்கிழங்குத் தோல் சீவிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"வேட்டைக்கு முன்னாடி நாயைக் கொடுக்கிறவன் எதுக்குய்யா கொடுப்பான்? காபியைக் குடிச்சிட்டு வந்து கதை சொல்றியே. போ, போய் அவன் துப்பாக்கியெல்லாம் எடுத்துட்டு வா."

எடுத்துக்கொண்டு வருவதாம், ஏதோ தோட்டத்தில் பூசணிக்காய் கிடப்பதுபோல. உங்களுக்குத் தெரியாதது இல்லை, நம் பக்கத்தில் ஒருவனிடம் எத்தனை துப்பாக்கி வைத்திருக்கிறாய் என்று கேட்கக்கூடாது. மனசு எப்படி இருக்கிறது என்று அதைவிடக் கேட்கக்கூடாது. கேட்டால் அவன் எழுந்து வெளியே போய் வண்டியில் எண்ணெய் இருக்கிறதா என்று பார்ப்பான். ஆனால் இரவல் கேட்கலாம். ஏணியோ டிரெய்லரோ காளையோ, எதைக் கேட்டாலும் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிடுவோம். அதனால் இரவல் கேட்பது என்று முடிவு செய்தேன். எங்கள் வாசற்படிக்கு அடியில், மருண்டால் நாற்றத்தைப் பீய்ச்சுமே அந்த ஸ்கங்க், ஒன்று புகுந்து நாற்றமடிக்கிறது, என் துப்பாக்கியின் விசை சிக்கிக்கொண்டது, உன் இரட்டைக்குழலைக் கொடு என்றேன். கொடுத்தான். கொடுத்துவிட்டுத் தானும் கோட்டை மாட்டிக்கொண்டு என் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டான், ஸ்கங்கைப் பார்க்க. இல்லாத ஸ்கங்குக்காக இரண்டு கிழவர்கள் ஆளுக்கொரு நாற்காலி போட்டு எங்கள் வாசற்படியை முறைத்துக்கொண்டு பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தோம். நாற்றமே இல்லையே என்றான் நார்மன். லொரெய்ன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, என்ன நடக்கிறது என்று உடனே புரிந்துகொண்டு, அது மரியாதை தெரிந்த ஸ்கங்க், விருந்தாளி இருந்தால் வராது என்றாள்.

அடுத்தது பெரிய ரைஃபிள். கோழிகளை நரி பிடிக்கிறது என்று சொன்னேன். எங்களிடம் கோழியே இல்லை என்பது வீட்டுக்குத் திரும்பிய பிறகுதான் நினைவுக்கு வந்தது. அவன் எப்போது வேண்டுமானாலும் வந்து நிற்பான் என்பதால் லொரெய்ன் அன்றே போய்க் கோழிகள் வாங்கிவந்தாள். நான் பழைய காரின் பின்பக்கத்தைக் கூண்டாக்கினேன். கோழி வந்த பிறகு நரி நிஜமாகவே வந்தது. பாதியைத் தூக்கிக்கொண்டு போகும்வரை நான் ஜன்னலில் நின்று கையைத் தட்டிக்கொண்டிருந்தேன், ஏனென்றால் துப்பாக்கிகள் எல்லாம் கட்டிலுக்கு அடியில் கிறிஸ்துமஸ் விளக்குகளுக்கும் அவளுடைய தையல் பெட்டிகளுக்கும் பின்னால் இருந்தன, குனிந்தால் எனக்கு இடுப்பு பிடித்துக்கொள்ளும். வாசலில் நின்ற லொரெய்ன் என்னைப் பார்த்த பார்வையை எழுத இந்தப் பத்திரிகையில் இடம் போதாது.

மூன்றாவது, சிறிய ரைஃபிள். வயலில் வளை தோண்டும் அணில்களைச் சுடவேண்டும் என்றேன். அவன் கொட்டகை வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"அதுங்க மண்ணுக்குள்ள தூங்கப் போயி ஒரு மாசம் ஆச்சேடா."

"சிலது தூங்கல."

"தூக்கம் வரலையா அதுங்களுக்கு?"

"வரல போல இருக்கு."

"பாவம்" என்று சொல்லி ரைஃபிளை எடுத்துவந்து கொடுத்தான்.

இதற்குள் அவன் எங்கள் வீட்டுக்குக் காபி குடிக்க வர ஆரம்பித்திருந்தான். கோட்டை வைக்கப் படுக்கையறைக்குத்தான் போவான். இனி இவற்றை இங்கே வைக்க முடியாது, இந்த மாவட்டத்தில் எந்த வீட்டில் துப்பாக்கி இருக்கும் என்று ஒருவனுக்கும் தோன்றாதோ அங்கே கொண்டுபோய் வை என்றாள் லொரெய்ன். அப்படி இருப்பது ஒரே வீடுதான், பெர்னிஸ் ஹாக்கன்சன் வீடு. அம்மணி, உங்கள் பத்திரிகையில் அந்தப் பெண்மணியை நான் என்னவெல்லாம் எழுதியிருக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியும். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. நர்ஸாக இருந்தவர், எங்கே குத்தினால் வலிக்கும் என்று தெரியும். அப்படிப்பட்டவர் வீட்டு வாசலில், போர்வையில் சுற்றிய மூன்று துப்பாக்கிகளைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு நின்றேன். அன்றைக்குப் படம் எடுத்து முதல் பக்கத்தில் போட்டிருந்தால்கூட நான் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது. அவர் சிரிக்கவில்லை. தையல் அறையில் துணிகளை நகர்த்தி இடம் பண்ணிக்கொடுத்தார். பிறகு, நீங்கள் பயப்படுவதை அவரிடம் நேரில் கேட்டீர்களா என்றார். அதையெல்லாம் எப்படிக் கேட்பது என்றேன்.

"ஊர் முழுக்கக் கேக்கற மாதிரி இத்தனை வருஷமா பேப்பர்ல கத்தறீங்க. கூட வளந்தவன்கிட்ட ஒரு கேள்வி கேக்க வாய் வராதா ஆர்விட்? நான் நர்ஸா இருந்தப்போ கேட்டிருக்கேன். கேட்டதனால யாரும் செத்துப் போகல. கேக்காம விட்டதுலதான் ரெண்டு பேர் போனாங்க."

மிச்சம் இருந்தது பிக்கப் வண்டியில் அவன் வைத்திருக்கும் கைத்துப்பாக்கி. மறுநாள் சாயங்காலம் போனேன். அவன் முற்றத்தில் இன்ஜினை நிறுத்திய பிக்கப்புக்குள் சும்மா உட்கார்ந்திருந்தான். நான் அந்தப் பக்கக் கதவைத் திறந்து ஏறிக்கொண்டேன். வழியெல்லாம் யோசித்து ஒரு பாம்பைத் தயார் செய்து வைத்திருந்தேன். அதை எடுத்துவிடுவதற்குள் அவனே கேட்டான்.

"இன்னிக்கு என்ன வந்துருக்கு உங்க வீட்டுக்கு? திமிங்கலமா?"

எனக்குப் பாம்பு மறந்துபோயிற்று. முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். "டேய், செத்துப்போயிடலாம்னு நெனைக்கிறியா?"

அவன் வெளியே இறங்கி எண்ணெய் பார்க்கப் போகவில்லை. கையை ஸ்டியரிங்கிலேயே வைத்திருந்தான். "எல்லா நேரமும் இல்லடா. ராத்திரி சாப்பாட்டு நேரத்துலதான். ரெண்டு தட்டு எடுத்து வெச்சிடறேன். அப்புறம் ஒண்ணை உள்ள வைக்கணும்." பிறகு, "நாயைக் கொடுத்தது, அப்புறம் அதுக்கு யாரு சோறு வெப்பாங்கன்னுதான்" என்றான்.

நான் அழுதேன், அம்மணி. இதை வெட்டவேண்டாம். அவன் முன்பெட்டியைத் திறந்து கைத்துப்பாக்கியை எடுத்து, குண்டுகளைக் கழற்றி என் தொப்பியில் போட்டான். ராத்திரி சாப்பாட்டுக்கு வா என்றேன். லொரெய்ன் என்ன செய்திருக்கிறாள் என்று கேட்டான். கோழி என்றேன். நரி விட்டுவைத்ததா என்றான். அன்றிலிருந்து தினமும் வருகிறான். குறை சொல்லாமல் சாப்பிடுகிறான், என்னைவிட அதிகம். லொரெய்ன் ஊர் மருத்துவரிடம் அவனைக் கூட்டிக்கொண்டு போனாள், அவர் சொன்ன ஒருவரிடம் இப்போது செவ்வாய்க்கிழமைகளில் போய்ப் பேசிவிட்டு வருகிறான்.

இப்போது மசோதாவுக்கு வருகிறேன். அவன் முற்றத்தில் ஒரு போலீஸ் வண்டி வந்து நின்றிருந்தால் அவமானத்திலேயே ஒடிந்துபோயிருப்பான் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அதே சமயம் பெர்னிஸ் கேட்டதும் மனசைக் குடைகிறது. ஸ்கங்க், நரி என்று பொய் சொல்லிக்கொண்டு வந்து நிற்க ஓர் ஆள் இல்லாதவன் என்ன செய்வான் என்று கேட்டார். நேற்றுக் குடிவந்தவன், யாரோடும் ஒட்டாதவன், பெண்டாட்டியே பயந்து வாழ்கிற வீட்டுக்காரன், இவர்களிடமெல்லாம் எந்த ஆர்விட் போய் இரவல் கேட்பான்? எனக்குப் பதில் தெரியவில்லை. ஆனால் ஒன்று தெரியும். நார்மனும் நானும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அவன் அப்பா அவனுக்கு முதல் துப்பாக்கி வாங்கிக்கொடுத்தபோது நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அவனிடம் எது இருக்கிறது, எது இல்லை என்று எனக்குத் தெரியும். இன்று அவன் வீட்டில் ஒன்றுகூட இல்லை என்பதும் எனக்குத் தெரியும். எந்த நீதிபதிக்கு இது தெரியும்? ஆகவே, கொஞ்சம் தயக்கத்தோடு என்றாலும், இக்கடிதத்தை எதிர்ப்புப் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள்.

உங்கள் அம்மாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள். குளிர் இறங்குமுன் தண்ணீர்க் குழாய்களுக்குத் துணி சுற்றிவிடுங்கள். உங்கள் வீட்டில் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் பனிக்காலத்தைத் தாண்ட வேண்டும் என்று நானும் லொரெய்னும் வேண்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஆர்விட் டாலஃப்சன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன், அவனைப் பற்றியது ஆயிற்றே என்று, சாப்பாட்டு மேசையில் நார்மனுக்கு இதைப் படித்துக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டு, நாயைப் பற்றி எழுதியிருப்பதால் மாவட்டமே கண்டுபிடித்துவிடும், பரவாயில்லை, போடட்டும் என்றான். பிறகு எழுந்து வெளியே போனான். நாங்கள் பயந்து எழுந்திருப்பதற்குள், தீவனச் சாக்கில் சுற்றிய ஒன்றைத் தன் வண்டியிலிருந்து எடுத்துவந்து என்னிடம் நீட்டினான். ஆக்னெஸின் வேட்டைத் துப்பாக்கி. இத்தனை நாளும் தானியக் கொட்டகையில் இருந்ததாம், இன்று கிளம்பும்போது எடுத்து வைத்துக்கொண்டானாம். அவளுக்கென்று ஒரு துப்பாக்கி இருந்ததே எனக்குத் தெரியாது. அன்றைக்கே ஏன்டா கொடுக்கவில்லை என்று கேட்டேன். "சாப்பாட்டுக்குக் கூப்பிடறது எத்தனை நாளைக்குன்னு தெரியலையே" என்றான். லொரெய்ன் அதை வாங்கிக்கொண்டு போய்ப் பெர்னிஸுக்குப் போன் செய்துவிட்டு வந்து, அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் உருளைக்கிழங்கு வைத்தாள். மேலே நான் 'எனக்குத் தெரியும்' என்று எழுதியிருக்கிற இடங்களையெல்லாம் அடித்துவிடுங்கள். அடித்த பிறகு மிச்சம் இருப்பதை எந்தப் பக்கத்தில் போடுவது என்று நீங்களும் பெர்னிஸும் பேசி முடிவு செய்யுங்கள்.