மஞ்சள் கட்டமும் என் மிட்டாய் டப்பாவும்

மூஸ் ஜா,
ஞாயிற்றுக்கிழமை, இன்னும் பனி.

அன்புள்ள டாரினுக்கு, பெரியப்பா ஆர்வில் ஆசீர்வதித்து எழுதுவது. நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். நான் சுகமாக இல்லை. காரணம் நீ.

ஒட்டாவாவில் கஞ்சா பாக்கெட்டுக்கு எச்சரிக்கை வாசகம் எழுதும் குழுவில் என் தம்பி மகன் இருக்கிறான் என்று ஊரெல்லாம் பெருமையடித்தேனே, என் வாயில்தான் அடித்துக்கொள்ள வேண்டும். மூட்டுவலிக்காக, சட்டப்படி விற்கிற கடையில்தான், கஞ்சா மிட்டாய் ஐந்தாறு பாக்கெட் வாங்கினேன். பாக்கெட்டுக்கு இரண்டே மிட்டாய், மீதி இடமெல்லாம் உங்கள் மஞ்சள் கட்டம், அதற்குள் உபதேசம். குழந்தைகள் திறக்கக்கூடாதென்று செய்த பாக்கெட், விரல் மடங்காத எனக்கும் திறக்கவில்லை. ஆத்திரத்தில் தகரம் வெட்டும் கத்தரியால் எல்லாவற்றையும் வெட்டி, மிட்டாய்களை என் பழைய டப்பாவில் கொட்டி, உங்கள் உபதேசத்தைக் குப்பையில் போட்டேன். உன் பெரியம்மா வெர்னா டிவியில், பனித்தரையில் கல்லை வழுக்கிவிடும் கர்லிங் ஆட்டம் பார்த்தபடியே டப்பாவில் கைவிட்டு ஒவ்வொன்றாகத் தின்றிருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் அந்தக் கல் தன்னை இடிக்க வருகிறதென்று சோபாவுக்குப் பின்னால் ஒளிந்தாள். நெஞ்சு படபடக்கிறது என்றாள். அப்புறம், "ஆர்வில், என் காலைக் காணோம், தேடிக் குடு"ன்னு ஒரே அழுகை. எனக்கு உயிரே போயிடுச்சு. ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரி. தூங்கி எழுந்தா சரியாயிடும்னாங்க. அவளும் எழுந்துட்டா. நேரே தன் தங்கச்சி ஃபெர்ன் வீட்டுக்குப் போனவ போனவதான், போனையும் எடுக்க மாட்டேங்கிறா.

ஏன்டா, படிச்சவங்கதானே நீங்க? பாக்கெட்ல எழுதி என்னடா பிரயோஜனம், மிட்டாய் மேலயே எழுத வேணாமா? அதுக்கு ஸ்ட்ராபெர்ரி ருசி எதுக்குடா? தப்பு எங்க குழுவோடதுதான், பெரியப்பா மேல இல்லன்னு உன் கைப்பட பெரியம்மாவுக்கு ரெண்டு வரி எழுது. அவ இல்லாம இந்த வீட்ல இருக்க முடியலடா.

உன் மனைவிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம்.

தீராத கோபத்தோடும் குறையாத ஆசியோடும்,
பெரியப்பா ஆர்வில்

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது ஃபெர்ன் போன் செய்தாள். டப்பாவில் எச்சரிக்கை எதுவும் எழுதவில்லையா என்று கேட்டாள். எழுதாமலா? சிவப்பு மையில், கொட்டை எழுத்தில், 'எலி மருந்து' என்று இருக்கிறதே! கல்யாணமான நாளிலிருந்து என் மிட்டாய் டப்பா மேல் அதுதான் இருக்கிறது, வேறு யாரும் கைவைக்கக் கூடாதென்று. பின்னாலிருந்து வெர்னா குரல் வந்தது: "அந்த எலி மருந்தைத்தானே இத்தனை வருஷமா தின்னுட்டு இருக்கேன்."

உங்கள் மஞ்சள் கட்டம் சரிதான், அதில் எதையும் மாற்றாதே. டப்பாவில் ஒட்ட ஒன்று அனுப்பு. உன் கையெழுத்தில் இருக்கட்டும், என்னுடையதை அவள் நம்ப மாட்டாள்.